பயணத்துக்கு நல்ல ட்ரைபாட் சொல்லுங்கள், வெள்ளிக்கிழமை ரயில்

அலைபாயும்கால்:
வணக்கம். வெள்ளிக்கிழமை ராமேஸ்வரம் கிளம்புகிறோம். கையில் இருக்கும் ட்ரைபாட் (கேமரா முக்காலி) தொட்டாலே ஆடுகிறது. போன மாதம் ஏற்காட்டில் ராத்திரி எடுத்த படம் எல்லாம் மங்கல். கேமரா சின்னதுதான், கனமே இல்லை. பைக்குள் போகிற மாதிரி, ஆடாமல், விலையும் அதிகம் இல்லாமல் ஒன்று சொல்லுங்கள். அவசரம்.

நெல்லைச்சீமை:
என்ன கேமரா, என்ன லென்ஸ், எவ்வளவு ரூபாய்? நீங்கள் எவ்வளவு உயரம்? "விலை அதிகம் இல்லாமல்" என்றால் ஒருவருக்கு இரண்டாயிரம், இன்னொருவருக்கு இருபதாயிரம்.

கரிநூல்:
யோசிக்கவே வேண்டாம், கார்பன் ஃபைபர் வாங்குங்கள். அதிர்வை அப்படியே விழுங்கிவிடும். அலுமினியம் எல்லாம் கல்யாண வீடியோக்காரர்களோடு போயிற்று.

இருட்டறை:
இந்தக் கேள்விக்கு வருஷத்துக்குப் பத்துத் தடவை பதில் எழுதியாகிறது. தேடிப் பார்க்கிற பழக்கமே போய்விட்டது. ஃபிலிம் காலத்தில் நாலு கிலோ முக்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு மலை ஏறினோம். படமும் மங்கவில்லை, தோளும் கழன்றுவிடவில்லை. தம்பி முதலில் ட்ரைபாடை விரிக்கக் கற்றுக்கொள்ளட்டும்.

நெல்லைச்சீமை:
ஐயா, அந்த நாலு கிலோவை இப்போது யார் சுமக்கிறார்கள்?

இருட்டறை:
பேரன்.

அலைபாயும்கால்:
சோனி ஏ6000, கூட வந்த 16-50 லென்ஸ். ஐயாயிரம் வரை போகலாம். என் உயரம் எதற்கு?

பொடிநடை:
உயரம் கேட்பது, கேமராவை இன்னும் மேலே ஏற்றும் நடுத்தண்டைத் தூக்காமலே கேமரா கண்ணுக்கு எட்டுமா என்று பார்க்க. ஆனால் ஏ6000-இன் திரை மேல்நோக்கிச் சாயும். நெஞ்சளவு உயரம் வந்தால் தாராளம், குனிந்து பார்த்துக்கொள்ளலாம். அதனால் உங்களுக்கு உயரமான ட்ரைபாட் தேவையே இல்லை. பாதிப் பணம் அதிலேயே மிச்சம்.

கடைக்காரர் "எட்டு கிலோ தாங்கும்" என்பார். அதை நம்பி வாங்காதீர்கள். உங்கள் கேமராவும் லென்ஸும் சேர்ந்தே அரை கிலோ வராது. தாங்குமா என்பதல்ல, ஆடுமா என்பதுதான் கேள்வி. கால்களை முழுக்க நீட்டி, மேலே கையை வைத்து மெல்ல முறுக்கிப் பாருங்கள். ரப்பர் மாதிரி வளைந்து கொடுத்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

அடுத்தது, ஒரு காலில் எத்தனை அடுக்கு. ஐந்தடுக்குக் கால் மடித்தால் குட்டியாகும், ஆனால் கடைசிக் குழாய் பென்சில் தடிமனுக்கு வந்துவிடும். 16 மில்லிமீட்டர் குழாயையும் 20 மில்லிமீட்டர் குழாயையும் எடுத்துக்கொள்ளுங்கள். குழாய்ச் சுவரின் தடிமன் ஒன்றேயானால் பெரியதன் விறைப்பு கிட்டத்தட்ட இரட்டிப்பு. நாலடுக்கு வாங்குங்கள், மடித்தால் 40 முதல் 45 சென்டிமீட்டர் இருக்கும். சாதாரணத் தோள்பையில் போய்விடும்.

ஐயாயிரத்தில் அலுமினியம்தான். கார்பன் என்று அந்த விலைக்கு வருவதில் கேமராவைப் பிடிக்கும் தலையும், கால் குழாய்களை நிறுத்தும் பூட்டும் மட்டமாக இருக்கும். அதை வைத்து என்ன செய்வது?

கரிநூல்:
என் கார்பன் ட்ரைபாட் ஆறு வருஷமாக ஆடவில்லை.

பொடிநடை:
என்ன விலைக்கு வாங்கினீர்கள்?

கரிநூல்:
அது வேறு விஷயம்.

உப்பளத்தான்:
தனுஷ்கோடி போவீர்கள் அல்லவா? அங்கே காற்றுதான் எதிரி. இலேசான கார்பன் காலைக் காற்றே தூக்கிவிடும். நடுத்தண்டுக் கொக்கியில் பையை மாட்டுங்கள், ஆனால் பை தரையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். அந்தரத்தில் தொங்கினால் ஊஞ்சலாகி அதுவே ஆட்டிவிடும்.

அப்புறம் மணல். திருகுப் பூட்டுக்குள் மணல் போனால் நறநற என்று கத்தும். நெம்புப் பூட்டு என்றால் தட்டிவிட்டால் போயிற்று. ஈர மணலிலும் தண்ணீரிலும் மட்டும் அடியிலுள்ள மெல்லிய குழாயை முதலில் நீட்டுங்கள், பூட்டு மேலே தப்பிக்கும். திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரில் அலசிக் காயவையுங்கள்.

இருட்டறை:
மெல்லிய குழாயை முதலில் நீட்டுவதா? தடித்ததைத்தான் முதலில் நீட்டுவார்கள். அடிப்படை.

உப்பளத்தான்:
"ஈர மணலில் மட்டும்" என்று எழுதியிருக்கிறேன், ஐயா. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படியுங்கள்.

கரிநூல்:
நெம்புப் பூட்டு சட்டைப் பட்டனில் மாட்டும், விரலைக் கடிக்கும். திருகுதான் நாகரிகம்.

நெல்லைச்சீமை:
பூட்டுச் சண்டை அப்புறம். தனுஷ்கோடியில் ராத்திரி நட்சத்திரம் எடுக்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள், இருட்டுவதற்குள் போலீஸ் கிளப்பிவிடும். ராமநாதசுவாமி கோயிலுக்குள்ளும் கேமரா கூடாது. வழியில் தஞ்சாவூர் பெரிய கோயிலில் இறங்குவதானால், அது தொல்லியல் துறைப் பொறுப்பில் உள்ளது. ட்ரைபாட் விரிக்க முன்அனுமதி வேண்டும். ஆக, இந்தப் பயணத்தில் அதை எங்கே விரிக்கப்போகிறீர்கள்?

கரிநூல்:
போன தடவை பெரிய கோயிலில் ஒருவர் விரித்து வைத்திருந்தாரே!

நெல்லைச்சீமை:
அவர் அனுமதி வாங்கியிருப்பார். காவலாளி பார்க்காமலும் இருந்திருக்கலாம். அது சட்டமாகுமா?

வெண்திரை:
ஒரு சந்தேகம். ஏற்காட்டுப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். விளக்கெல்லாம் ஒரு திசையில் இழுத்த மாதிரி இருக்கிறதா, எல்லாப் பக்கமும் பஞ்சு மாதிரி இருக்கிறதா? இழுத்திருந்தால் ஆட்டம். பஞ்சு என்றால் ஃபோகஸ். அந்த 16-50 லென்ஸ் கேமராவை அணைத்ததும் உள்ளே போய்விடும். மறுபடி போட்டால் நீங்கள் வைத்த ஃபோகஸ் இருக்காது.

அதோடு, ட்ரைபாடில் வைக்கும்போது மெனுவில் ஸ்டெடிஷாட்டை (கை நடுக்கத்தை லென்ஸே ஈடுகட்டும் வசதி) அணைத்தீர்களா? இல்லாத ஆட்டத்தைத் தேடி லென்ஸே மங்கலாக்கிவிடும். விரலால் ஷட்டரை அழுத்தினீர்களா, இரண்டு விநாடி டைமர் போட்டீர்களா?

அலைபாயும்கால்:
இழுத்த மாதிரிதான். விரலால்தான் அழுத்தினேன். ஸ்டெடிஷாட் ஆனில்தான் இருந்தது. தண்டும் முழுக்க மேலே.

இருட்டறை:
நான் முதலிலேயே சொன்னேன்.

பொடிநடை:
ஐயா "விரிக்கக் கற்றுக்கொள்ளட்டும்" என்றுதான் சொன்னீர்கள். எப்படி என்று சொல்லவில்லை. தம்பி, இன்று ராத்திரி மொட்டை மாடியில் தண்டை இறக்கி, ஸ்டெடிஷாட்டை அணைத்து, டைமர் போட்டு, பழைய ட்ரைபாடிலேயே ஒரு படம் எடுங்கள். கேமராவுக்கு அடியில் உள்ள ப்ளேட் திருகையும் ஒரு சுற்று இறுக்குங்கள். ஆட்டம் பாதி அங்கேதான் இருக்கும். அதற்கப்புறம் கடைக்குப் போகலாம்.

உப்பளத்தான்:
அடுத்த தெருவில் விளக்குக் கம்பம் இருந்தால் அதையே எடுத்துப் பார்க்கலாம்.

அலைபாயும்கால்:
எடுத்தேன். ப்ளேட் திருகு லூஸாகத்தான் இருந்தது. இப்போது பரவாயில்லை, நம்பர் பிளேட் எல்லாம் படிக்க முடிகிறது. ஆனாலும் ஒரு கால் பூட்டு வழுக்குகிறது. பார்க்கலாம். ரயிலுக்கு நேரமாகிறது, நன்றி.

கரிநூல்:
புதுசு வாங்கினீர்களா, இல்லையா?

கரிநூல்:
தம்பி?