ஓடும் படகிலிருந்து ஜெட் ஸ்கீ படம்: படகை எந்தப் பக்கம் வைப்பது?

கெடிலக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். புதுச்சேரி சுண்ணாம்பாறு முகத்துவாரத்துக்கு வெளியே, பாரடைஸ் பீச்சுக்கு நேரே கடலில் இரண்டு ஜெட் ஸ்கீ ஓடும். ஃபைபர் படகில் கூடவே போய்ப் படம் எடுக்க வேண்டும். கேமரா நிக்கான் டி7500, லென்ஸ் 70-300 விஆர் (கை நடுக்கத்தை ஈடுகட்டும் வசதி). சோதனை ஓட்டத்தில் நாலு சிக்கல். ஷட்டர் வேகம் 1/1000 நொடி வைத்தும் ஆள் கலங்கித் தெரிகிறார். ஃபோகஸ் ஆளை விட்டுத் தெறிக்கும் தண்ணீருக்கு ஓடுகிறது. கடல்கோடு படத்துக்குப் படம் சாய்கிறது. அரை மணிக்குள் லென்ஸ் முழுக்க உப்புப் புள்ளி. காலை 6.30 முதல் 9 வரை படகு கிடைக்கும். முதலில் எதைச் சரிசெய்வது?

அணியம்:
தம்பி, முதலில் படகு ஓட்டுபவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். கேமரா அமைப்பெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கலங்குவதற்குக் காரணம் கணக்கிலேயே தெரியும். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போகும் ஜெட் ஸ்கீ நொடிக்கு 11 மீட்டர் நகரும். 1/1000 நொடியில் 11 மில்லிமீட்டர். உங்கள் கேமராவில் 30 மீட்டர் தூரத்துக்கு 135 மி.மீ. வைத்தால் படத்தின் அகலத்தில் அடங்குவது 5.2 மீட்டர், அதை 5568 பிக்சல் பங்கு போடுகின்றன. கேமரா கூடவே திரும்பாவிட்டால் அந்த 11 மில்லிமீட்டர் சுமார் 12 பிக்சல் இழுப்பாக விழும். 1/2000 வைத்தாலும் 6 பிக்சல். படகு அதே வேகத்தில் இணையாக ஓடினால் இந்த இழுப்பு ஏறக்குறைய இல்லாமல் போகும். 1/500-லேயே ஆள் கூர்மையாக நிற்பார், பின்னால் கரை மட்டும் ஓடும். ஆகவே நின்ற படகிலிருந்து எடுக்காதீர்கள், கூடவே ஓடுங்கள்.

இணை ஓட்டத்தில் இடைவெளி 25, 30 மீட்டர். படகு சற்று முன்னால் இருக்கட்டும், அப்போதுதான் ஓட்டுபவரின் முகம் கிடைக்கும். பின்தங்கினால் முதுகுதான் வரும், அதோடு உங்கள் படகு அவர் கிளப்பிய அலையில் ஏறிக் குதிக்கும்.

உட்காரும் இடம் நடுவுக்குச் சற்றுப் பின்னால். அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், உட்காரவே கூடாது, படகில் அதிகம் ஏறி இறங்குவது அதுதான். முழங்கையைப் படகின் விளிம்பில் ஊன்றினால் இன்ஜின் அதிர்வு நேராக லென்ஸுக்கு வரும். மோனோபாடும் (ஒற்றைக்கால் தாங்கி) அப்படியே. மண்டியிட்டு, இடுப்பைத் தளர்த்தி, முழங்கையை விலாவோடு சேர்த்துப் பிடியுங்கள். நீள வால் டீசல் இன்ஜின் படகு வேண்டாம். நாலு ஸ்ட்ரோக் அவுட்போர்டு (படகின் பின்னால் மாட்டும் இன்ஜின்) இருந்தால் அதிர்வும் குறைவு, புகையும் படத்தில் வராது.

திருப்பங்களைப் பற்றி ஜெட் ஸ்கீக்காரரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். வெட்டித் திரும்பும்போது தண்ணீர் வளைவின் வெளிப்பக்கம் விசிறும். படகுக்கு முதுகு காட்டித் திரும்பினால் விசிறி உங்கள் பக்கம் வந்து ஆளையே மறைத்துவிடும். படகைப் பார்த்துத் திரும்பினால் உடல் உங்கள் பக்கம் சாயும், முகம் தெரியும், விசிறி அவருக்குப் பின்னால் விரியும். படம் அதுதான். ஆனால் அந்தத் திருப்பத்துக்கு 40 மீட்டருக்குக் குறையக் கூடாது. கடந்து போவது எப்போதும் படகின் பின்புறமாக. ஜெட் ஸ்கீயைத் திருப்புவது பின்னால் பீறிடும் தண்ணீர். பயந்துபோய் ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டால் ஹேண்டிலைத் திருப்பினாலும் பல வண்டிகள் நேரே வந்து மோதும். இதை இரண்டு ஓட்டுநர்களும் காதால் கேட்டுத் தலையாட்டிய பிறகு கரையை விட்டுக் கிளம்புங்கள்.

இன்ஜின் சத்தத்தில் கூப்பிட்டால் கேட்காது. வேகம் கூட்டு, குறை, நெருங்கு, விலகு, நிறுத்து, இந்த ஐந்துக்கும் கைச்சைகை பேசி வையுங்கள். படகோட்டி ஜெட் ஸ்கீயைப் பார்க்கக் கூடாது, அவர் கண் முன்னால்தான். உங்கள் சைகையைப் பார்த்து அவருக்குச் சொல்ல மூன்றாவது ஆள் ஒருவர் கட்டாயம்.

ஒளிவாசல்:
அண்ணன் சொன்னதற்குப் பிறகு கேமராவில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மேனுவல் மோடு, எஃப் 5.6 (லென்ஸ் துவார அளவு), இணை ஓட்டத்துக்கு 1/1000, திருப்பங்களுக்கும் தெறிப்புக்கும் 1/2000, ஆட்டோ ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறனைக் கேமராவே மாற்றிக்கொள்ளும்). நல்ல வெயிலில் எஃப் 5.6-க்கு 1/1600 வைத்தால் ஐஎஸ்ஓ 200 போதும், 6.30 மணி வெளிச்சத்தில் 800, 1600 வரை ஏறும், பயப்பட வேண்டாம். எஃப் 8, 11 என்று மூட அவசியம் இல்லை. 135 மி.மீ., 30 மீட்டர், எஃப் 5.6 என்றால் சுமார் 25 முதல் 36 மீட்டர் வரை தெளிவாகவே இருக்கும்.

ஃபோகஸுக்கு ஏஎஃப்-சி (நகரும் ஆளைத் தொடர்ந்து ஃபோகஸ் செய்வது), குரூப் ஏரியா (சில புள்ளிகளைச் சேர்த்துப் பயன்படுத்துவது). புள்ளிகளை ஜெட் ஸ்கீயின் மூக்கில் வைக்காமல் ஓட்டுபவரின் நெஞ்சில், லைஃப் ஜாக்கெட்டின் மேல் வையுங்கள். அதன் வார்களும் நிற வேறுபாடும் ஃபோகஸுக்குப் பிடி கொடுக்கும். மெனுவில் ஃபோகஸ் ட்ராக்கிங் வித் லாக்-ஆன் என்பதை 4 அல்லது 5-க்கு ஏற்றுங்கள். இடையில் தண்ணீர் குறுக்கிட்டாலும் கேமரா உடனே அதற்குத் தாவாமல் பொறுத்திருக்கும். உங்கள் இரண்டாவது சிக்கல் பெரும்பாலும் இதிலேயே தீரும்.

அந்த லென்ஸின் ஏஎஃப்-எஸ் வகையில் விஆர் சுவிட்ச் நார்மல், ஆக்டிவ் என்று இருக்கும். ஓடும் வண்டி, படகு போன்றவற்றில் இருந்து எடுப்பதற்குத்தான் ஆக்டிவ். 1/2000-ல் விஆரை அணைத்துவிட்டாலும் நஷ்டம் இல்லை.

வெள்ளை நுரை படத்தில் பாதியை அடைத்தால் கேமரா ஏமாந்து ஆளை இருட்டாக்கும். கருநீலத் தண்ணீர் அடைத்தால் நுரை வெந்துபோகும், அதாவது விவரமின்றி வெள்ளையாகும். ஹைலைட் எச்சரிக்கையைப் போட்டு, நுரையில் சிறு சிறு புள்ளிகள் மட்டும் மினுக்கும் அளவுக்குச் சரிசெய்யுங்கள். ரா-வில் (கேமரா சுருக்காத மூலக் கோப்பு) எடுங்கள். போலரைசர் (பளபளப்பைக் குறைக்கும் ஃபில்டர்) வேண்டாம், ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதி) வெளிச்சத்தைத் தின்னும், படகு திரும்பும்போதெல்லாம் அதையும் திருப்ப வேண்டிவரும்.

கடல்கோடு சாய்வதை முழுக்கத் தடுக்க முடியாது. வ்யூஃபைண்டரில் கட்டக்கோடு போடுங்கள். படகு அலையின் உச்சியில் ஒரு நொடி தயங்கும், அந்த நேரத்தில் ஷட்டரை அழுத்துங்கள். ஆளைச் சுற்றி இடம் விட்டு எடுப்பதும் முக்கியம். 3 டிகிரி நிமிர்த்தினால் அகலத்தில் ஏறக்குறைய 7 சதவீதம் வெட்டுப்படும். ஓரம் முட்ட எடுத்த படத்தை நிமிர்த்தினால் கையோ தண்ணீர் விசிறியோ போய்விடும்.

கெடிலக்கரை:
இரண்டு பேருக்கும் நன்றி. காலையில் சூரியன் கடல் பக்கம் என்பதால் படகைக் கடல் பக்கம் வைத்து, ஜெட் ஸ்கீயைக் கரைக்கும் படகுக்கும் நடுவில் ஓடவிடலாம் என்று திட்டம். பின்னணியில் மணலும் தென்னையும் வரும். சரிதானே அண்ணா?

வாடைக்காற்று:
வெளிச்சத்துக்கு அது சரி. ஆனால் உங்கள் நாலாவது சிக்கலான உப்புப் புள்ளிக்குக் காரணமே அதுதான்.

நம் கரையில் கோடை தொடங்கி ஆவணி வரைக்கும் பெரும்பாலான நாள் விடிகாலையில் மேல்காற்று, அதாவது கச்சான், கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும். மதியம் நெருங்கும்போது அது மாறி, தென்கிழக்கிலிருந்து கடல்காற்று ஏறும். சூரியனோ காலையில் கிழக்கு, மாலையில் மேற்கு. அதனால் இங்கே இரண்டு வேளையும் ஒரே முரண்பாடு: ஆள் மேல் நேர் வெயில் விழ வேண்டும் என்றால் உங்கள் லென்ஸ் காற்றை எதிர்த்து நிற்கும், சொந்தப் படகின் தெறிப்பே முகத்தில் வந்து விழும். காற்றுக்கு முதுகு காட்டினால் வெயிலுக்கு எதிரே எடுத்தாக வேண்டும். வாடை வீசும் மார்கழி, தை மாதங்களில் மட்டும் காற்று வடகிழக்கு என்பதால் காலை நேர் வெயிலும் உலர்ந்த லென்ஸும் ஒன்றாகக் கிடைக்கும். அப்போது அலை பெரிது.

என் யோசனை: 6.30 முதல் 7.30 வரை மேல்காற்று மெல்லியதாக இருக்கும் நாளில் நீங்கள் சொன்னபடி கடல் பக்கம் படகை வைத்து நேர் வெயில் படங்களை முடித்துவிடுங்கள். அதன்பின் இடம் மாறுங்கள். படகு கரைப் பக்கம், ஜெட் ஸ்கீ கடல் பக்கம். சூரியன் தண்ணீர் விசிறிக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு துளியையும் கண்ணாடி மணியாக்கும். நேர் வெயிலில் அதே தெறிப்பு வெறும் வெள்ளைத் திட்டுதான். முகத்துக்கு 2/3 முதல் 1 ஸ்டாப் கூட்டிக்கொள்ளுங்கள். லென்ஸ் ஹூட் கழற்றக் கூடாது. முன்னால் மலிவு யூவி ஃபில்டர் இருந்தால் அதைக் கழற்றிவிடுங்கள், எதிர்வெயிலில் படத்தில் ஒளித்திட்டு விழும். கரைப் பக்கம் என்றால் அலை உடையும் வரிசைக்கு நன்றாக வெளியே, குறைந்தது 100 மீட்டர் தள்ளி. அலை உடையும் இடத்தில் இன்ஜின் அணைந்தால் படகு குறுக்கே திரும்பிக் கவிழும்.

அணியம்:
படகோட்டிக்கு வெயில் கண்ணில் அடிக்கலாம், அவருக்குத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் கொடுங்கள். மற்றபடி வாடைக்காற்று சொல்வதுதான் சரி.

மீன்பிடித்துறை:
உப்பைப் பற்றி மட்டும். முகத்துவாரத்து மணல்திட்டைத் தாண்டும்வரை கேமரா டிரை பேக்கிலேயே (தண்ணீர் புகாத பை) இருக்கட்டும். அலை படகுக்குள் விழுவது அங்கேதான். 70-300 ஜூம் செய்யும்போது குழல் நீண்டு வெளிக்காற்றை உள்ளே இழுக்கும், அதனால் 135 சுற்றிலும் வைத்துக்கொண்டு தூரத்தைப் படகால் சரிசெய்யுங்கள். கடலில் லென்ஸ் மாற்றவே வேண்டாம்.

இரண்டு மைக்ரோஃபைபர் துணி எடுத்துப் போங்கள், தனித்தனி ஜிப் கவரில். ஒன்று நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்தது, ஒன்று காய்ந்தது. உப்பு காய்ந்தால் பொடிக்கல், வெறும் துணியால் தேய்த்தால் கண்ணாடியின் பூச்சு கீறும். முதலில் ஈரத்துணியை ஒற்றி உப்பைக் கரையுங்கள், பிறகு காய்ந்த துணி. சட்டை நுனி ஆகாது.

ஏசி அறையிலிருந்து நேராகத் துறைக்குக் கொண்டுபோனால் கண்ணாடி முழுக்க ஆவி படியும். மூடிய பையிலேயே முக்கால் மணி நேரம் வெளிக்காற்றில் வைத்துவிட்டுத் திறவுங்கள். திரும்பி வந்ததும் கேமராவின் உடம்பு, ஜூம் வளையம், ஃப்ளாஷ் மாட்டும் இடம் எல்லாம் ஈரத்துணியால் துடைத்து, நிழலில் மின்விசிறிக் காற்றில் இரவு முழுக்க வைத்துவிட்டு அதன்பின்தான் பையில் போட வேண்டும்.

கேமரா வாரைக் கழுத்தில் மாட்டாதீர்கள். தண்ணீரில் விழுந்தால் லைஃப் ஜாக்கெட்டோடு சிக்கிக்கொள்ளும். மணிக்கட்டு வார் போதும். அவுட்போர்டின் கில் சுவிட்ச் (ஆள் விழுந்தால் இன்ஜினை அணைப்பது) கயிறு படகோட்டியின் காலிலோ கையிலோ மாட்டியிருக்கிறதா என்று கிளம்பும்போது நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கெடிலக்கரை:
குறித்துக்கொண்டேன். சனிக்கிழமை விடிகாலை காற்றைப் பார்த்துவிட்டு, 7.30 வரை கடல் பக்கம், பிறகு கரைப் பக்கம். மூன்றாவது ஆளுக்கும் சொல்லியாயிற்று. எடுத்த படங்களை அமைப்பு விவரத்தோடு இதே இழையில் போடுகிறேன்.