பெலட் அடுப்புக் கண்ணாடி ஒரே நாளிலை கறுக்குது, பின்னேரத்திலை புகை மணமும் வருது

மலைவீட்டு அக்கா
ஞாயிறு, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். இத்தாலியிலை ரெஜ்ஜோ எமிலியா ரவுணிலை பதினாலு வருசம் இருந்திட்டு, போன புரட்டாதியிலை காஸ்டெல்நோவோ நெ மோன்டிப் பக்கம் ஒரு பழைய கல் வீட்டுக்கு வாடகைக்கு வந்திருக்கிறம். 700 மீற்றர் உயரத்திலை இருக்கிற இடம், யன்னலாலை பார்த்தால் பிஸ்மாந்தோவா பாறை தெரியும். இஞ்சை காஸ் இல்லை. குசினிக்குப் பக்கத்து அறையிலை இருக்கிற பெலட் (மரத்தூளை அழுத்திச் செய்த சின்ன உருளை) அடுப்புத்தான் வீடு முழுக்கச் சூடு குடுக்குது.

முதல் ரெண்டு மாதமும் ஒரு பிரச்சினையும் இல்லை. நெருப்பு நிமிர்ந்து, வெள்ளை மஞ்சளாய் நிண்டது. மார்கழி பிறந்த பிறகு நெருப்பு சிவந்துபோய், சோம்பலாய் ஆடுது, நுனியிலை கரும்புகை தெரியுது. விடிய வடிவாத் துடைச்ச கண்ணாடி பின்னேரம் சட்டிக்கரி மாதிரி இருக்கு. பெலட் எரியிற கிண்ணத்துக்கை கல்லு மாதிரிக் கறுப்புக் கட்டி பிடிக்குது. ஒரு கிழமைக்கை மூண்டு தரம் பத்தேல்லை எண்டு அலாரம் அடிச்சது. என்ரை மனுசன் எரியாமல் கிடந்த பெலட்டை அள்ளித் திரும்ப, பெலட் நிரப்பிற தொட்டிக்கை போட்டிட்டுப் பொத்தானை அமத்துவார். மூண்டாம் தரம் கிண்ணத்தை வெறுமையாக்காமலே அமத்தினவர். “டும்” எண்டு ஒரு சத்தத்தோடை பத்தினது. சின்னவள் பயந்து அழுதிட்டாள்.

இன்னொண்டு, ஆறு ஏழு மணிக்கு நான் சமைக்கேக்கை அறைக்கை புகை மணம் வருது. மற்ற நேரம் இல்லை.

நாங்கள் செய்யிறது: ஒவ்வொரு நாளும் விடிய சாம்பல் அள்ளி, கிண்ணத்தைத் தட்டி, கண்ணாடி துடைக்கிறது. பெலட், சந்தையிலை மலிவாய் வாங்கினது, மூட்டையிலை ஒரு தரக் குறியும் இல்லை. அடுப்புக்குப் பின்னாலை சுவரிலை கை அகலத்துக்கு ஒரு ஓட்டை, கம்பி வலை போட்டது, அதாலை குளிர்காற்று ஊசி மாதிரி வருது. அதுக்கு ஒரு பழைய சாறத்தைச் சுருட்டி அடைச்சு வைச்சிருக்கிறம். வீட்டு நிலைமை விளங்கட்டும் எண்டு அதையும் எழுதுறன். வீட்டுக்காரர் “அடுப்பு பழசு, மாத்தவேணும்” எண்டுறார். உண்மையிலை மாத்தத்தான் வேணுமோ?


பலெர்மோ தம்பி
ஞாயிறு, இரவு 10.15

அக்கா, பெலட் ஈரமாய் இருக்கும். நான் பல்கணியிலை வைச்ச மூட்டை மாரி மழையிலை நனைஞ்சு, உமி மாதிரி ஊதிப்போய், தொட்டிக்குக் கீழை பெலட்டைக் கிண்ணத்துக்குத் தள்ளுற திருகுக்கை இறுகீற்றுது. ஒரு நாள் முழுக்கக் கரண்டியாலை கிண்டி எடுத்தன். எங்களுக்கு இஞ்சை தை, மாசி ரெண்டு மாதம்தான் அடுப்பு. சாம்பலை வீடு கூட்டிற வக்கூமாலை உறிஞ்சிப்போட்டு விட்டிடுவன், அதுவே போதும்.


புகைபோக்கி அண்ணை
ஞாயிறு, இரவு 11.05

தங்கச்சி, முதல் அந்தச் சாறத்தை எடுங்கோ. இதை வாசிச்சு முடிக்க முதல் எழும்பிப்போய் எடுத்திட்டு வாங்கோ.

நான் பன்ரெண்டு வருசமாய் மோதெனா மலைப்பக்கம் ஒரு இத்தாலிக்காரரோடை புகைபோக்கி துப்பரவாக்கிற வேலை செய்யிறன். உங்கடை அடுப்பு பழசெண்டு எனக்குப் படேல்லை. அதுக்கு மூச்சு முட்டுது.

அந்த ஓட்டை ஆரோ கட்டி முடிக்காமல் விட்டதில்லை. அடுப்புக்காகவே சட்டப்படி வெட்டின காற்று வாசல் அது. ஒரு கிலோ பெலட் ஒழுங்காய் எரிய அஞ்சு கன மீற்றருக்கு மேலை காற்று வேணும். நாளுக்கு ஒரு 15 கிலோ மூட்டை எரிச்சால் கணக்கைப் பாருங்கோ. பழைய காலத்திலை கல் வீட்டிலை கதவு, யன்னல் இடுக்கெல்லாத்தாலையும் காற்று வரும். இப்ப ரெட்டைக் கண்ணாடி யன்னல் போட்டு இறுக்கிப்போட்டினம். சாறம் அடைச்ச நாள் மார்கழி முதல் கிழமையாய்த்தான் இருக்கும், நெருப்பு சிவந்ததும் அதே கிழமைதான். யோசிச்சுப் பாருங்கோ.

சமைக்கேக்கை மட்டும் புகை மணம் வாறதுக்கும் இதுதான் காரணம். மீன் பொரிக்கேக்கையும் கறி தாளிக்கேக்கையும் சமையல் அடுப்புக்கு மேலை இருக்கிற புகை உறிஞ்சியை நீங்கள் கூட்டி விடுவியள், எங்கடை ஆக்கள் எல்லாரும் அப்பிடித்தான். அது மணித்தியாலத்துக்கு 300, 400 கன மீற்றர் காற்றை வெளியிலை தள்ளும். அந்தளவு காற்று வீட்டுக்கை எங்காலை வாறது? ஓட்டையும் அடைப்பெண்டால் அது பெலட் அடுப்பின்ரை புகைக்குழாயாலை திரும்பி இறங்கும். உங்களுக்கு மணந்தது அதுதான். மணக்கிற புகையோடை மணக்காத காபன் மொனொக்சைட்டும் வரும். சின்னப்பிள்ளை இருக்கிற வீடு. நாளைக்கே ஒரு காபன் மொனொக்சைட் அலாரம் வாங்கி அந்த அறையிலை ஒண்டு, படுக்கிற அறையிலை ஒண்டு வையுங்கோ. பெட்டியிலை இஎன் 50291 எண்டு எழுதியிருக்கவேணும்.

அடுத்தது அந்த “டும்”. இதை உங்கடை மனுசனுக்கு வாசிச்சுக் காட்டுங்கோ. பத்தாமல் போன கிண்ணத்திலை பெலட் குவிஞ்சு கிடக்கும், அடியிலை புகையும். அந்தப் புகை எரியக்கூடிய வாயு. கிண்ணத்தை வெறுமையாக்காமல் பொத்தானை அமத்தினால், முழுக்க நிறைஞ்ச வாயு ஒரே அடியாய்ப் பத்தும். ரெண்டு வருசத்துக்கு முதல் ஒரு வீட்டுக்குக் கூப்பிட்டவை, போய்ப் பார்த்தால் கதவுக் கண்ணாடி நொருங்கி, துண்டுகள் எதிர்ப்பக்க சோபா முழுக்க. ஆக்கள் மற்ற அறையிலை இருந்தபடியாலை தப்பினவை. கதவைத் திறந்து தட்டி எடுத்து, கிண்ணம் காலியெண்டு கண்ணாலை பார்த்த பிறகுதான் அமத்தவேணும். எடுத்த பெலட் ஒருநாளும் தொட்டிக்குப் போகக்கூடாது. அதிலை ஒண்டு உள்ளுக்கை கனன்றுகொண்டிருந்தாலும் தொட்டியிலை இருக்கிற பதினைஞ்சு கிலோவுக்கும் நெருப்புப் பிடிக்கும். இரும்பு வாளியிலை போட்டு வெளியிலை வையுங்கோ.

இப்ப துப்பரவு. நீங்கள் செய்யிறது எல்லாம் சரி, ஆனால் அது கண்ணுக்குத் தெரியிற இடம். கரி நிக்கிறது தெரியாத இடத்திலை. கிண்ணத்தைத் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பாருங்கோ, ஒவ்வொரு ஓட்டையாலையும் வெளிச்சம் வரவேணும். வராத ஓட்டைக்குப் பழைய ஸ்குரூட்றைவர் முனையை விட்டுச் சுத்துங்கோ. அந்தக் கறுப்புக் கட்டி கிட்டம். பெலட்டுக்கை மண், மரப்பட்டை கூட இருந்தால் சாம்பல் உருகி அப்பிடி ஒட்டும். கிண்ணத்தைத் திரும்ப வைக்கேக்கை அடியிலை சாம்பல் ஒரு மணியும் இருக்கக்கூடாது. கொஞ்சம் ஏறி நிண்டாலே காற்று ஓட்டைக்குள்ளாலை போகாமல் பக்கத்தாலை வழுகும்.

பிறகு, அடுப்பிலை இருந்து வாற 80 மில்லிமீற்றர் குழாய் மேலை திரும்பிற இடத்திலை ரீ (T) எழுத்து மாதிரி ஒரு துண்டு, அதுக்குக் கீழை ஒரு மூடி இருக்கும். அடுப்பு நல்லா ஆறின பிறகு வாளியைக் கீழை பிடிச்சுக்கொண்டு அதைக் கழட்டுங்கோ. மேலை போக ஏலாத சாம்பல் எல்லாம் விழுந்து தங்கிறது அதுக்குள்ளைதான். அந்த இடம் நிறைஞ்சால் புகைக்கு வழி ஒடுங்கும், புகையை இழுக்கிற விசிறி எவ்வளவு சுத்தினாலும் நெருப்புக்குக் காற்று போகாது. குளிர்காலத்திலை மாதத்துக்கு ஒருக்கா இதைக் கழட்டவேணும். நான் போற பத்து வீட்டிலை எட்டு வீட்டிலை இதை ஒருநாளும் திறந்திருக்க மாட்டினம்.

இன்னொரு சோதனை. இரவு லைட் எல்லாத்தையும் நிப்பாட்டிப்போட்டு, அடுப்பு பத்திற நேரத்திலை ரோர்ச் வெளிச்சத்தைக் குழாய்ப் பொருத்து ஒவ்வொண்டுக்கும் குறுக்காலை பிடியுங்கோ. கசிவெண்டால் வெளிச்சத்துக்கை நூல் மாதிரிப் புகை எழும்பிறது தெரியும். பொருத்துக்குள்ளை சிலிக்கோன் வளையம் இருக்கவேணும், காஞ்சு வெடிச்சிருந்தால் மாத்தவேணும். அடுப்புக் கதவுக்கும் ஒரு சோதனை இருக்கு. ஒரு தாளைக் கதவிடுக்கிலை வைச்சுப் பூட்டி இழுத்தால் சும்மா வரக்கூடாது. வந்தால் அந்த இடத்திலை கதவிடுக்கை அடைக்கிற கண்ணாடி நார்க்கயிறு தேஞ்சுபோச்செண்டு அர்த்தம்.

பெலட்டைப் பற்றி: எங்கடை எமிலியா ரொமாஞ்ஞா மாகாணத்திலை 35 கிலோவாட்டுக்குக் குறைஞ்ச அடுப்பிலை ஏ1 தரம் மட்டும்தான் எரிக்கலாம். ஏ1 எண்டால் சாம்பல் 0.7 வீதத்துக்கு மேலை வரக்கூடாது, ஈரம் 10 வீதத்துக்கு மேலை வரக்கூடாது. 15 கிலோ மூட்டைக்கு உச்சமாய் ஒரு நூறு கிராம் சாம்பல், ஒரு பிடி. நீங்கள் ஒரு மூட்டைக்கு எவ்வளவு அள்ளுறியள்? குறி இல்லாத மூட்டையை விடுங்கோ.

பலெர்மோ தம்பி, வீட்டு வக்கூமை இதுக்குப் பாவியாதேங்கோ. சாம்பலுக்கை ஒரு தணல் ரெண்டு மூண்டு நாளும் உயிரோடை கிடக்கும். வக்கூம் காற்றை இழுக்கேக்கை அது ஊதி எழும்பும், உள்ளை இருக்கிறது கடதாசிப் பை. நெருப்புப் பிடிக்காட்டிலும் நுண்சாம்பல் வடிகட்டியைத் தாண்டி அறைக்கையே வந்து இறங்கும். இரும்புத் தொட்டி வைச்ச சாம்பல் வக்கூம் தனியாய் விக்கினம். அதிலையும் ஆறின சாம்பலைத்தான் உறிஞ்சவேணும்.


போலோஞ்ஞா தாதி
திங்கள், காலை 6.20

இரவு வேலை முடிச்சு வந்து வாசிச்சன். மலைவீட்டு அக்கா, வீட்டிலை ஆருக்கும் தலையிடி, வயித்தைப் பிரட்டிறது, அசதி இருந்துதோ? வெளியிலை போனால் குறைஞ்சு, வீட்டுக்கை வர திரும்ப வருதெண்டால், ஒண்டுக்கு மேலை ஆக்களுக்கு ஒரே நேரத்திலை வருதெண்டால், அது தடிமன் காய்ச்சல் இல்லை. பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு வெளியிலை போய் அவசர இலக்கம் 112க்கு அடியுங்கோ. ஒவ்வொரு குளிருக்கும் எங்கடை அவசரப் பிரிவுக்கு இப்பிடி ஆக்கள் வருவினம்.


மலைவீட்டு அக்கா
திங்கள், பகல் 1.30

அண்ணை, இரவே சாறத்தை எடுத்திட்டன். வாசிக்க வாசிக்கக் கை நடுங்கினது. தாதித் தங்கச்சி கேட்ட தலையிடி எனக்குப் போன கிழமை ரெண்டு பின்னேரம் இருந்தது, சின்னவளுக்கும் மனுசனுக்கும் இல்லை. குளிருக்கெண்டு நினைச்சன். இண்டைக்கு விடியக் கடைக்குப் போய் ரெண்டு அலாரம் வாங்கிப் பூட்டியாச்சு. மனுசன் நீங்கள் எழுதினதை ரெண்டு தரம் வாசிச்சவர்.

ரெண்டு கேள்வி. அந்த ஓட்டைக் காற்று நேரே பிள்ளை விளையாடிற இடத்துக்கு வருது, என்ன செய்யலாம்? மற்றது, இஞ்சை ஸ்னோ கொட்டினால் கரண்ட் போகும். அடுப்பு எரியேக்கை கரண்ட் போனால் புகை வீட்டுக்கை நிரம்பாதோ?


புகைபோக்கி அண்ணை
திங்கள், இரவு 8.50

தலையிடி திரும்ப வந்தால் ஒரு நிமிசமும் பார்க்காதேங்கோ, தாதித் தங்கச்சி சொன்னதைச் செய்யுங்கோ.

காற்றுக்கு: சில அடுப்புக்குப் பின்னாலை காற்று இழுக்கிற வாய் தனிக்குழாயாய் இருக்கும். உங்கடையிலை இருந்தால், கையேடு அனுமதிச்சால், அதையும் சுவர் ஓட்டையையும் ஒரு குழாயாலை இணைச்சு விடலாம், அறைக்குக் குளிர் வராது. இல்லாட்டில் காற்றைக் கீழை திருப்பி விடுற மறைப்புத் தட்டு இருக்கு. எதைப் பூட்டினாலும் ஓட்டையின்ரை அகலம் குறையக்கூடாது.

கரண்ட் போனால் விசிறி நிண்டிடும். அப்ப புகையை மேலை இழுக்கிறது குழாயின்ரை உயரம் ஒண்டுதான். புகையைச் சுவரோடை பக்கவாட்டிலை விடாமல் கூரைக்கு மேலை கொண்டுபோகவேணும் எண்டு இஞ்சை விதி வைச்சதுக்கு இதுவும் ஒரு காரணம். அடுப்புக் கதவைத் திறக்காதேங்கோ, யன்னல் ஒண்டைத் திறவுங்கோ, கிண்ணத்திலை இருக்கிற கொஞ்சம் எரிஞ்சு முடியும். அதேமாதிரி அடுப்பை நிப்பாட்ட ஒருநாளும் பிளக்கை இழுக்காதேங்கோ. பொத்தானாலை நிப்பாட்டினால் விசிறி ஆறும்வரைக்கும் சுத்தி, மிச்சப் புகையை வெளியேத்திப்போட்டுத்தான் நிக்கும்.

வீட்டுக்காரரிட்டை அடுப்பை விதிப்படி பூட்டினது எண்டு பூட்டினவை குடுத்த ஒத்திசைவுச் சான்றிதழைக் கேளுங்கோ, இத்தாலியின்ரை 2008ஆம் ஆண்டின் 37ஆம் இலக்க ஆணைப்படி அது இருக்கவேணும். புகைபோக்கி ஆளையும் ஒருக்காக் கூப்பிடச் சொல்லுங்கோ.


மலைவீட்டு அக்கா
வியாழன், இரவு 9.10

அண்ணை, நேற்று ரீ மூடியைக் கழட்டினம். மனுசன் வாளியைப் பிடிச்சார், நான் திருகினன். மூடி கையோடை வர, அரிச்ச கோதுமை மா மாதிரி, சாம்பல் நிறத்திலை, சத்தமில்லாமல் வாளிக்கை சொரிஞ்சுகொண்டே இருந்தது. பாதி வாளி. விரலை உள்ளுக்கை விட்டுப் பார்த்தால் குழாய்ச் சுவரிலை இன்னும் ஒரு விரற்கடை தடிப்புக்கு ஒட்டியிருக்கு.

ஏ1 மூட்டை ரெண்டு வாங்கிப் போட்டம். நெருப்பு திரும்ப நிமிர்ந்து நிக்குது. நேற்று விடியத் துடைச்ச கண்ணாடி இண்டைக்கு இரவும் தெளிவாய் இருக்கு, ஓரத்திலை மட்டும் மெல்லிய சாம்பல் படிவு. உறிஞ்சியைப் போட்டு மீன் பொரிச்சன், மணம் இல்லை. அலாரத்திலை பூச்சியம்தான் காட்டுது. தலையிடியும் இல்லை.

ரோர்ச் பிடிச்சுப் பார்த்ததிலை ரெண்டாவது பொருத்திலை நூலாய்ப் புகை தெரிஞ்சது. அண்டைக்கே அடுப்பை நிப்பாட்டிப்போட்டு எண்ணெய் ஹீற்றரோடை படுத்தம். வளையம் மாத்தின பிறகுதான் திரும்பப் பத்தினது. வீட்டுக்காரர் சான்றிதழைத் தேடிறார். புகைபோக்கி ஆள் வாற செவ்வாய்க்கிழமை வருவார். அவரிட்டை என்ன கேட்கவேணும்?


புகைபோக்கி அண்ணை
வியாழன், இரவு 10.30

புகை விசிறியைக் கழட்டி இறகு ஒவ்வொண்டையும் தூரிகையாலை துடைச்சு, திரும்பப் பூட்டேக்கை இடுக்கை அடைக்கிற புதுக் கஸ்கெற் போடச் சொல்லுங்கோ. குழாய்க்குள்ளாலை கூரை வரைக்கும் தூரிகை விட்டுக் கரியை இறக்கவேணும், குழாய் நுனித் தொப்பிக்கை குருவிக்கூடு இருக்கோ எண்டும் பார்க்கவேணும். அவர் வாற நாள் விடிய அடுப்பு பத்தக்கூடாது, ஆறியிருந்தால்தான் கழட்டலாம். பிள்ளைக்கு அண்டைக்குச் சுடுதண்ணிப் போத்தலும் ஒரு தடிச்ச சுவெற்றரும் எடுத்து வையுங்கோ.