நீரிழிவோடு வாழும் உடலிடம் அன்பு காட்டப் பழகுதல்: நம் அனுபவங்கள்

தொடக்கப் பகிர்வு (திருச்சி, பள்ளி ஆசிரியை)

அனைவருக்கும் வணக்கம். இரண்டாம் வகை நீரிழிவு என்று மருத்துவர் சொன்னதற்குப் பிறகு வரும் முதல் சில மாதங்களில், எதை உண்ணலாம், எந்த மாத்திரையை எப்போது விழுங்க வேண்டும் என்பதையெல்லாம் நாம் விரைவாகக் கற்றுக்கொள்கிறோம். அதே நாட்களில் நம் உடலின் மீது நமக்கு வருகிற கோபத்தை என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. எனக்கு அந்தக் கோபம் எப்படித் தணிந்தது என்பதை எழுதுகிறேன். நீங்களும் எழுதுங்கள்.

முதலில் உதவியது ஓர் உடலியல் உண்மை. எச்பிஏ1சி பரிசோதனை, சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினோடு எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதை அளக்கிறது. சிவப்பணு ஏறத்தாழ 120 நாட்கள் வாழ்வதால், அந்த எண் கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி நிலையைக் காட்டும். ஒரு கல்யாண வீட்டில் பாயசம் குடித்ததால் அது தலைகீழாக மாறிவிடாது. மறுநாள் பட்டினி கிடந்தால் சரியாகியும் விடாது. எனவே விருந்துக்கு அடுத்த நாள் தன்னைத் தண்டித்துக்கொள்வதில் மருத்துவ ரீதியாகவும் பொருளில்லை என்பது தெளிவானபோது, என் மனத்தில் இருந்த பெரிய பாரம் ஒன்று இறங்கியது. இப்போது குளுக்கோமீட்டர் காட்டும் எண்ணைக் குறிப்பேட்டில் எழுதும்போது, அதன் பக்கத்தில் அன்று எப்படி உறங்கினேன், எதைப் பற்றிக் கவலைப்பட்டேன் என்று ஒரு வரியும் எழுதுகிறேன். அந்த எண் எனக்குத் தேர்வு மதிப்பெண்ணாகத் தோன்றுவது நின்றுவிட்டது. உடல் எனக்குச் சொல்லும் செய்தியாகவே அதைப் படிக்கிறேன்.

இன்னொரு பழக்கம் சிறியதாகத் தோன்றினாலும், எங்கள் வீட்டில் அதுதான் பெரிய மாற்றம். எல்லோருக்கும் தோசை வார்த்துப் பரிமாறிவிட்டு, ஆறிப்போன கடைசித் தோசையை அடுப்படியில் நின்றபடியே உண்பது நம் வீட்டுப் பெண்கள் பலருக்குத் தலைமுறை வழக்கம். காலை மாத்திரை எடுத்துக்கொண்டவர் உணவைத் தள்ளிப்போடுவது, சில மருந்துகளைப் பொறுத்தவரை ஆபத்தாகவும் முடியலாம். நான் இப்போது மற்றவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து, முதலில் காய்கறிக் கூட்டையோ சுண்டலையோ உண்டு, பிறகு சூடாக இரண்டு தோசை உண்கிறேன். அடுத்த தோசையை வார்ப்பது வேறொருவர் பொறுப்பு. ஓரிரு வாரங்கள் என் மாமியார் இதை வியப்போடு பார்த்தார். பிறகு ஒருநாள் அவரும் தட்டை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

இவற்றை மென்மையான மனம் கொண்டவர்களின் ஆறுதல் என்று ஒதுக்குபவர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நீரிழிவு உள்ளவர்களுக்குத் தங்களிடம் தாங்களே பரிவு காட்டும் பயிற்சி எட்டு வாரங்கள் அளிக்கப்பட்டது. அதில் பங்கேற்றவர்களின் மனச்சோர்வு மட்டுமன்றி எச்பிஏ1சி அளவும் குறைந்ததாக 2016-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. சிறிய ஆய்வுதான். ஆயினும், தன்னை வெறுத்துக்கொண்டே நெடுங்காலம் உடலைப் பேண முடியாது என்று நான் நம்புவதற்கு அது வலுச் சேர்க்கிறது.

பதில் (திருப்பூர், பின்னலாடைத் தையல் மேற்பார்வையாளர்)

சகோதரி எழுதியதைப் படித்தபோது எனக்கு என் பாதங்கள்தாம் நினைவுக்கு வந்தன. பல ஆண்டுகளாகச் சர்க்கரை உள்ளவன் நான். பாதங்களில் உணர்வு குறைந்திருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனைக்குச் சென்றபோது செவிலியர் ஒருவர் என்னைக் கண்களை மூடிக்கொள்ளச் சொல்லி, மோனோஃபிலமென்ட் எனப்படும் மெல்லிய நைலான் இழையால் என் பாதத்தின் பல இடங்களில் தொட்டார். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் அந்த இழையின் தொடுகையைச் சில இடங்களில் என்னால் உணர முடியவில்லை. அந்த அச்சத்தைவிட எனக்கு ஆழமாகப் பதிந்தது வேறு ஒன்று. அவர் என் பாதத்தைத் தம் உள்ளங்கையில் ஏந்தி, விரல் இடுக்குகளைப் பிரித்துப் பார்த்து, குதிகால் வெடிப்பைத் தடவி, "இதை நீங்கள் தினமும் பார்க்க வேண்டும், ஐயா" என்றார். பெரியவர்களின் பாதத்தைத் தொட்டு வணங்கும் நாம், நம் பாதத்தை எப்போதாவது அப்படித் தொட்டிருக்கிறோமா என்று அன்று முழுவதும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து இரவில் பாதங்களைக் கழுவி, விரல் இடுக்குகளில் ஈரம் தங்காமல் துடைத்து, சிறு கண்ணாடி ஒன்றை வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறேன். வெடிப்புள்ள குதிகாலுக்குத் தேங்காய் எண்ணெய் பூசுவேன். இடுக்குகளில் பூசக் கூடாது, அங்கே ஈரப்பதம் தங்கினால் பூஞ்சைத் தொற்று வரும். சுடுநீரில் கால்களை ஊற வைப்பதில்லை, ஏனெனில் உணர்வு குறைந்த பாதம் வெந்தாலும் நமக்குத் தெரியாது. எம்.சி.ஆர். எனப்படும், நீரிழிவு உள்ளவர்களுக்கான மென்மையான ரப்பர் செருப்பை வெளியே அணிவதில் சிரமம் இல்லை. வீட்டுக்குள் செருப்பு அணிவதுதான் எங்கள் குடும்பத்தில் பேச்சாயிற்று. நான் அம்மாவின் கையைப் பிடித்து என் உள்ளங்காலில் அழுத்தச் சொல்லி, எந்த இடத்தில் எனக்குத் தெரியவில்லை என்று காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மறுவாரம் வீட்டுக்குள் மட்டும் அணிவதற்கென்று ஒரு ஜோடி வாங்கி, பூசையறைக்கு எதிர்த்திசையில் ஒரு மூலையை ஒதுக்கித் தந்தார்.

கோயிலுக்குச் செல்வோருக்கு ஒரு வேண்டுகோள். அவிநாசி போன்ற பெரிய கோயில்களின் கற்றளம் சித்திரை வெயிலில் நண்பகல் வேளையில் கொதிக்கும். வெறுங்காலோடு பிராகாரம் சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்து கொப்புளத்தைக் கண்டவர்களை நான் அறிவேன். அதிகாலையிலோ மாலை மங்கிய பிறகோ செல்லுங்கள், அனுமதி இருந்தால் காலுறை அணிந்துகொள்ளுங்கள். இறைவனை வணங்கப் போகிற கால்களுக்கு அந்த அளவு மரியாதையாவது நாம் செய்யலாம்.

பதில் (கிருஷ்ணகிரி மாவட்டம், சுகாதாரத் தன்னார்வலர்)

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று எங்கள் மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கும் வேலையில், "எனக்கு எதுக்கு கண்ணு இதெல்லாம்" என்ற கேள்வியைத்தான் நான் மிகுதியாகக் கேட்கிறேன். தனியாக வாழும் பாட்டி ஒருவர் மாத்திரைகளைப் பிரிக்காமலேயே டப்பாவில் சேர்த்து வைத்திருந்தார். அறிவுரை சொல்லிப் பயனில்லை என்று தோன்றியதால், அவர் நாள் தவறாமல் செய்வது என்ன என்று கேட்டேன். மல்லிகைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, அதன் பிறகு கஞ்சி குடிப்பது என்றார். மாத்திரைப் பட்டையைச் செடிக்குப் பக்கத்துத் திண்ணை மாடத்தில் வைத்து, செடிக்கு ஊற்றியதும் கஞ்சி, கஞ்சியோடு மாத்திரை என்று ஏற்பாடு செய்தோம். அடுத்த முறை சென்றபோது பட்டை காலியாக இருந்தது. "செடிக்கு ஊத்துறேன், எனக்கு ஊத்திக்க மாட்டேனா" என்று அவரே சொன்னார்.

பதில் (தூத்துக்குடி, இன்சுலின் எடுத்துக்கொள்பவர்)

இரவு உணவுக்குப் பின் சிறிது தூரம் நடப்பது எனக்கும் பிடித்த வழக்கம், ஏனெனில் நடக்கும்போது தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துக்கொள்கின்றன. இன்சுலின் போடுகிறவர்களும் சில வகை மாத்திரைகளை உண்பவர்களும், சர்க்கரை அளவு மிகவும் இறங்கிவிடக்கூடும் என்பதால், சட்டைப் பையில் குளுக்கோஸ் வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். கைநடுக்கம், வியர்வை, படபடப்பு வந்து இரத்தச் சர்க்கரை அளவு 70 மி.கி./டெ.லி.-க்குக் கீழே இருந்தால், 15 கிராம் குளுக்கோஸையோ மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையையோ தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மீண்டும் பரிசோதிக்க வேண்டும். பல ஆண்டுகள் இனிப்பை விலக்கிப் பழகியவர்களுக்கு அந்த நேரத்திலும் சர்க்கரையைத் தொடக் குற்ற உணர்வு வருவதை நான் கண்டிருக்கிறேன். என் மனைவி இதற்காகவே கடற்கரைச் சாலையில் நடக்கப் புறப்படும் முன் என் பையைத் தொட்டுப் பார்ப்பார். இப்போது அவர் பார்ப்பதற்கு முன்பே நானே தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.