ஆபீஸில் ஃபேக்ஸ் சர்வர் வைத்தவர்கள், மறக்காத ஒன்றைச் சொல்லுங்கள்

துறைமுகத்தான், தூத்துக்குடி

கப்பலுக்கு ஆள் எடுத்து அனுப்பும் ஆபீஸ் எங்களுடையது. மேசைக்கடியில் சும்மா கிடந்த சின்ன டெஸ்க்டாப்பில் டெபியன் லினக்ஸும், ஃபேக்ஸை வாங்கி அனுப்பும் ஹைலாஃபேக்ஸ் மென்பொருளும் போட்டு, சீரியல் போர்ட்டில் ஒரு வெளி மோடம் மாட்டினேன். அதை எப்படிச் செய்வது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன். வரும் ஃபேக்ஸ் பிடிஎஃப் ஆகி மேனேஜர் மெயிலுக்குப் போய்விடும். தெர்மல் பேப்பரில் வந்த ஒப்பந்தங்கள் ஒரு கோடைக்குள் வெளுத்துப்போன ஆபீஸில் இது பெரிய விஷயம்.

எனக்குள் இன்னும் உறுத்துவது வேறு. சோமாலியக் கொள்ளையர் பயம் உச்சத்தில் இருந்த 2010, 2011 சமயம். சர்வர் எழுதிவைக்கும் லாகில் தினமும் சாயங்காலம் ஆறரை, ஏழு மணிவாக்கில் ஒரு அழைப்பு. மோடம் எடுக்கும், தன் 2100 ஹெர்ட்ஸ் சத்தத்தைக் கொடுக்கும், எதிர்ப்பக்கம் ஃபேக்ஸே இல்லை, கட். மறுநாளும் அதே நேரம், அதே கதை. ஆபீஸில் கேட்டால் "ராங் நம்பர்ப்பா, விடு" என்றார்கள். காலர் ஐடியில் பார்த்தேன், ஒரே எண். கூப்பிட்டேன்.

மணப்பாட்டிலிருந்து ஒரு பெரியவர். மகன் எங்கள் மூலமாகப் போனவன். கப்பல் ஏடன் வளைகுடாவைத் தாண்டிவிட்டதா என்று கேட்கத்தான் தினமும் கூப்பிட்டிருக்கிறார். முன்பெல்லாம் அந்த நேரத்தில் வாட்ச்மேன் போனை எடுத்து இரண்டு வார்த்தை சொல்வார். இப்போது முதல் ரிங்கிலேயே மோடம் எடுத்துவிடுகிறது. "ஏன் தம்பி, போனுக்குள்ள அப்படி ஊளையிடுது? கப்பல்ல ஏதோ ஆயிப்போச்சுன்னு நெனச்சிட்டேன்" என்றார். அவர் குரல் நடுங்கியது. கப்பல் பத்திரமாக ஓமான் நாட்டு சலாலா போய்ச் சேர்ந்திருந்தது. அதைச் சொன்ன பிறகும் அவருக்கு உடனே பேச்சு வரவில்லை.

கோவை நெட்வொர்க்

படித்ததும் மனசு கனத்துப்போனது. ஆனால் ஒரு சந்தேகம், கேட்காமல் இருக்க முடியவில்லை. மோடமில் உங்களுக்குக் காலர் ஐடி எப்படி வந்தது? நம்மூர் எக்ஸ்சேஞ்சுகள் பலவற்றில் எண் டிடிஎம்எஃப் (போன் பட்டன் அமுக்கினால் கேட்கும் சத்தம்) முறையில்தான் வரும். கடையில் கிடைக்கும் மோடம்களில் பெரும்பாலானவற்றுக்கு எஃப்எஸ்கே (இரண்டு சத்தங்களை மாற்றி மாற்றி அனுப்பும்) முறை மட்டும்தான் புரியும். நான் பார்த்த எந்த லாகிலும் அந்த இடம் காலியாகத்தான் இருந்தது.

என் அனுபவம் சின்னது. ஒரு ஆடிட்டர் ஆபீஸ், ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கடைசி வாரம். டயல் டோன் இல்லை என்று மோடம் சொல்கிறது. அதே லைனில் போனை மாட்டிக் காதில் வைத்தால் டோன் ரீங்காரமாகக் கேட்கிறது. ஆடிட்டர் ரிசீவரை என் கையிலிருந்து வாங்கித் தானும் கேட்டார், பிறகு ஸ்கிரீனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் மறக்கவில்லை. நம் டோன் 400 ஹெர்ட்ஸை ஏற்றி இறக்கித் தருவது. அமெரிக்காவில் 350ம் 440ம் சேர்ந்து வருவது. அந்த ஊருக்கென்று செய்த மோடம் நம் டோனை டோன் என்றே ஏற்கவில்லை. டோனுக்குக் காத்திருக்காதே என்று மோடமுக்கு ஏடிஎக்ஸ்3 கட்டளை கொடுத்ததும் டயல் செய்துவிட்டது.

புதிதாக வைக்கப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள் சொல்லிவிடுகிறேன். முதலில், மனிதர்கள் கூப்பிடும் எண்ணில் மோடமை மாட்டவே கூடாது. தனி லைன் எடுங்கள். முடியாவிட்டால் 'ரிங்ஸ் பிஃபோர் ஆன்சர்' (எத்தனை ரிங்குக்குப் பின் எடுப்பது) மதிப்பை நான்கு, ஐந்து என்று ஏற்றினால் ஆள் முந்திக்கொண்டு எடுக்கலாம். அழைப்பது ஃபேக்ஸ்தானா என்று மெஷினே கண்டுபிடிக்கட்டும் என்று விடுவதும் நூறு சதவீதம் சரிவராது. ஃபேக்ஸ் மெஷின் தானாக டயல் செய்தால் 1100 ஹெர்ட்ஸில் மூன்று நொடி இடைவெளி விட்டு விட்டு அரை நொடி பீப் கொடுக்கும். ஆள் டயல் செய்து, சத்தம் கேட்டபின் பட்டன் அமுக்குகிற பழைய மெஷின்கள் பல அதைக் கொடுப்பதில்லை.

மோடம் வெளியே இருக்கும் சீரியல் மோடமாகவே இருக்கட்டும். விண்டோஸ் டிரைவரை நம்பி ஓடும் உள் கார்டு லினக்ஸில் உயிரை எடுத்துவிடும். சின்னப் பெட்டிகளில் சீரியல் போர்ட் இருக்காது, யூஎஸ்பி மாற்றி போடுவீர்கள். அதில் 'நிறுத்து, அனுப்பு' என்று இரு பக்கமும் சொல்லிக்கொள்ளும் ஆர்டிஎஸ், சிடிஎஸ் கம்பிகள் ஒழுங்காக வருகின்றனவா பாருங்கள், இல்லையென்றால் பக்கம் பாதியில் நிற்கும். பயாஸில், கரண்ட் போய் வந்தால் தானாக ஆன் ஆகும்படி வையுங்கள். கம்ப்யூட்டருக்கு யூபிஎஸ் கொடுத்துவிட்டு மோடமைச் சாதாரண பிளக்கில் விட்டிருப்பார்கள், பல ஆபீஸில் பார்த்திருக்கிறேன். மேக் மினி வைத்திருப்பவர்கள் கவனிக்க: ஆப்பிளின் யூஎஸ்பி மோடம் மேக் இயங்குதளம் 10.7 லயனிலிருந்து வேலை செய்யாது. ஃபேக்ஸுக்கென்றே ஒதுக்கிய பெட்டி என்றால் அதற்கு முந்தைய 10.6 ஸ்னோ லெப்பர்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

துறைமுகத்தான், தூத்துக்குடி

கோவை நண்பருக்கு: மோடமில் வரவில்லை. சுவரில் தனியாகக் காலர் ஐடி பெட்டி ஒன்று மாட்டியிருந்தது. லாகில் இருந்த நேரத்தையும் பெட்டியில் இருந்த நேரத்தையும் ஒப்பிட்டுத்தான் எண்ணைப் பிடித்தேன். தனி லைன் பற்றிச் சொன்னீர்கள். அப்போது புது லைன் கேட்டு எழுதிக் கொடுத்துக் காத்திருந்தோம். அதுவரை சாயங்காலம் ஆறிலிருந்து எட்டுவரை மோடம் எடுக்காமல் இருக்க, நேரம் பார்த்து வேலையை ஓட்டும் கிரானில் ஒரு வரி போட்டேன்.

ரிசல்ட் கவுண்டர், மதுரை

கோவை சார், நீங்கள் சொன்னதெல்லாம் காப்பர் லைனுக்குச் சரி. எங்கள் லைனை ஃபைபருக்கு மாற்றிய பிறகு கதையே வேறு. ஆனால் நான் எழுத வந்தது அதற்கு முந்தைய விஷயம்.

எங்களுடையது ரத்தப் பரிசோதனை லேப். சாஃப்ட்வேரில் ரிப்போர்ட் தயாரானதும் பிரிண்ட் எடுக்காமலே, பக்கத்தைப் படமாக்கும் கோஸ்ட்ஸ்கிரிப்ட் மென்பொருள் வழியாக ஃபேக்ஸாகி டாக்டர் கிளினிக்குக்குப் போய்விடும். எல்லோரும் பாராட்டினார்கள். ஒரு நாள் மத்தியானம் ஒரு டாக்டர் போன் செய்தார். சத்தம் போடவில்லை, மிக மெதுவாகக் கேட்டார்: "கிரியாட்டினின் பதினெட்டா?" சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் எண் அது. திரையில் பார்த்தால் 1.8. அவர் கையில் இருந்த தாளில் புள்ளி இல்லை. நோயாளி எதிரே உட்கார்ந்திருக்கிறார், அவர் வீட்டாரிடம் டயாலிசிஸ் பற்றி என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தாராம். நோயாளி நடந்து வந்து உட்கார்ந்த விதத்துக்கும் அந்த எண்ணுக்கும் பொருந்தவில்லை என்பதால்தான் கேட்டிருக்கிறார். எல்லோரும் கேட்பார்களா?

ஃபேக்ஸில் சாதாரண அடர்த்தி என்றால் குறுக்கே அங்குலத்துக்கு 204 புள்ளி, நெடுக்கே 98 வரிதான். ஃபைன் என்றால் 196 வரி. எட்டு பாயின்ட் எழுத்தில் ஒரு தசமப் புள்ளி 98 வரியில் ஒரே கோடாக விழும், அல்லது விழாமலே போகும். சர்வர் பக்கம் 'விரெஸ்' (நெடுக்கு அடர்த்தி) மதிப்பை 196 ஆக்கினோம், எழுத்தைப் பெரிதாக்கினோம். பக்கம் போக நேரம் கூடும், கூடட்டும். அன்றைக்கு எங்கள் லாகிலும் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது: ஒரு பக்கம், 14400 வேகம், முடிந்தது. மருந்து, பரிசோதனை சம்பந்தமான எதையும் சாதாரண அடர்த்தியில் அனுப்பவே கூடாது என்பது என் கட்சி. இதில் யாரோடும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஃபிராங்க்ஃபர்ட் தமிழன்

மதுரைக்காரர் சொன்னது எனக்கு நன்றாகப் புரிகிறது. 'முடிந்தது' என்று வந்தால் அந்த மெஷின் வாங்கிக்கொண்டது என்றுதான் அர்த்தம், தாளில் என்ன விழுந்தது என்று அது சொல்லாது. இங்கே ஜெர்மனியில், அனுப்பியதும் நம் மெஷின் தரும் ரிப்போர்ட்டில் இருக்கும் 'ஓகே'வைக் கோர்ட்டுகளே வெறும் அறிகுறியாகத்தான் எடுக்கும், போய்ச் சேர்ந்ததற்கு நிரூபணமாக ஏற்காது.

நான் ஒரு வக்கீல் ஆபீஸுக்கு ஃபேன் இல்லாத குட்டிப் பெட்டியில் ஹைலாஃபேக்ஸ் வைத்துக் கொடுத்தேன். ஐஎஸ்டிஎன் (டிஜிட்டல் போன் லைன்) கார்டு, அதை ஹைலாஃபேக்ஸோடு இணைக்கும் கேபி ஃபார் ஹைலாஃபேக்ஸ். அப்போது வக்கீல்கள் அப்பீலை ஃபேக்ஸிலும் தாக்கல் செய்யலாம், கெடு நள்ளிரவோடு முடியும். கோர்ட் மெஷின் எப்போது அச்சடித்தது என்பது கணக்கில்லை, சிக்னல் முழுதும் நள்ளிரவுக்குள் வந்து சேர்ந்ததா என்பதுதான் கணக்கு. ஒரு ராத்திரி 11 மணிக்கு மேல் வக்கீல் போன் செய்தார், ஓடினேன். மனுவும் இணைப்புகளும் சேர்த்து ஒரே ஜாபாகக் கொடுத்திருந்தார், தடிமனான கட்டு. கெடு நாள் என்பதால் கோர்ட் லைன் பிஸி, பிஸி, பிஸி. ஒருவழியாகக் கிடைத்துப் பக்கங்கள் நகர ஆரம்பித்தன. ஆனால் வரிசையில் இணைப்புகள் முன்னால் இருந்தன. கையெழுத்துப் பக்கம் கடைசியில். கையெழுத்து வராவிட்டால் மனுவே இல்லை.

ஓடிக்கொண்டிருந்த ஜாபை நிறுத்திவிட்டு, மனுவை மட்டும் முதலில் அனுப்ப வேண்டும் என்றேன். நிறுத்தினால் லைன் திரும்பக் கிடைக்குமா என்று கேட்டார். தெரியாது என்றேன். ஜாபை நீக்கும் ஃபேக்ஸ்ஆர்எம் கட்டளையை டைப் செய்து, என்டரை அழுத்தாமல் அவர் முகத்தைப் பார்த்தேன். தலையசைத்தார். அந்தச் சில நொடிகளை நினைத்தால் இப்போதும் உள்ளங்கை வேர்க்கிறது. லைன் கிடைத்தது, மனு போனது, இணைப்புகள் நள்ளிரவைத் தாண்டிப் போயின. இப்போது அந்தப் பிரச்சினை இல்லை. 2022 ஜனவரி 1 முதல் வக்கீல்கள் மின்னணு வழியில்தான் தாக்கல் செய்ய வேண்டும்.

மதுரைக்கு ஒரு வார்த்தை. நோயாளி ரிப்போர்ட்டை ஃபேக்ஸில் அனுப்புவதையே யோசித்துப் பாருங்கள். இங்கே பிரேமன் மாநிலத்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையர் 2021லேயே, தனிப்பட்ட விவரங்களுக்கு ஃபேக்ஸ் பாதுகாப்பானதல்ல என்று சொல்லிவிட்டார்.

ரிசல்ட் கவுண்டர், மதுரை

யோசிக்காமல் இல்லை நண்பரே. ஆனால் எங்களிடம் ரிப்போர்ட் வாங்கும் கிளினிக்குகளில் சில, மெஷினிலிருந்து தாளை எடுத்து நேராக ஃபைலில் குத்தும் பழக்கத்தில் இருக்கின்றன. அவர்கள் மாறும்வரை நானும் அனுப்பித்தான் ஆகவேண்டும். ஆபத்தான எண் வந்தால் ஃபேக்ஸோடு நிற்காமல் போனிலும் சொல்லி, கேட்டவர் திருப்பிச் சொல்ல வைத்துக் குறித்துக்கொள்கிறோம்.

கோவை நெட்வொர்க்

மதுரை, ஃபைபருக்கு மாறியபின் பக்கம் பாதியில் நிற்கிறதா? அந்தப் பெட்டியின் போன் போர்ட்டில் டி.38 (ஃபேக்ஸை ஃபேக்ஸாகவே நெட்டில் கொண்டுபோகும் முறை) இருக்கிறதா, ஜி.711 (ஃபேக்ஸையும் பேச்சுக்குரல்போலவே கொண்டுபோகும் முறை) மட்டும்தானா என்று நிறுவனத்தாரிடம் கேளுங்கள். ஜி.711 மட்டும் என்றால் வேகத்தை 9600க்கு இறக்கி அனுப்பிப் பாருங்கள். அந்த லாகை அப்படியே இங்கே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.