பத்து நிமிடம் ஓடவிட்டால் பழைய கார் பிழைத்துவிடுமா?

கிரீஸ்கை:
நேற்று மிச்சிகன் தந்தை எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. மகன் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டான், அவனுடைய 1993 மாஸ்டா மியாட்டா ஸ்போர்ட்ஸ் கார் வீட்டுக் கராஜில் நிற்கிறது, என்ன செய்வது என்று கான்டன் அம்மா கேட்டிருந்தார். அதற்கு இவர் சொன்ன பதில்: "வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓடவிடுங்கள். முப்பது வருடக் கார் என்றாலும் ஒன்றும் ஆகாது." பத்து நிமிடம்! காரைக் கொல்வதற்கு இதைவிட எளிய வழி கிடையாது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. சாலையில் ஓடும் காரில் அது ஆவியாக வெளியே போய்விடும். நின்ற இடத்தில் பத்து நிமிடம் உறுமிவிட்டு அணைத்தால் சைலன்சருக்குள்ளும் எண்ணெய்க்குள்ளும் தங்கிவிடும். தெரியாவிட்டால் சும்மா இருக்கலாம், அடுத்த வீட்டுப் பிள்ளையின் காரில் கை வைக்க வேண்டாம்.

மிச்சிகன் தந்தை:
மிச்சிகனில் 22 ஆண்டுகளாகக் கார் வைத்திருக்கிறேன். என் 1996 மியாட்டாவை நான்கு குளிர்காலம் இப்படித்தான் காப்பாற்றினேன். மகள் கல்லூரி முடித்து வந்த அன்று முதல் திருகலிலேயே ஸ்டார்ட் ஆனது. எண்ணெய் அழுத்த முள் இன்றும் நட்ட நடுவில் நிற்கிறது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது, ஐயா.

கிரீஸ்கை:
முள்ளைப் பற்றி நீங்களே பேச்செடுத்தது நல்லது. 1995 மாடல் முதல் அந்த முள் அழுத்தத்தை அளப்பதே இல்லை. உள்ளே இருப்பது ஒரு சுவிட்ச். ஓரளவு அழுத்தம் வந்தால் முள் நடுவில் போய் நிற்கும், இல்லாவிட்டால் கீழே விழும், அவ்வளவுதான். நான்கு குளிர்காலமாக அதைப் பார்த்து நிம்மதியாக இருந்திருக்கிறீர்கள். எண்ணெய் ஊற்றும் மூடியைக் கழற்றித் திருப்பிப் பார்த்தீர்களா? போன ஜனவரியில் பக்கத்து வீட்டுக்காரர் காரில் நான் பார்த்தேன். மூடியின் அடியில் எண்ணெயும் தண்ணீரும் கலந்து வெண்ணெய் திரண்டாற்போல் பழுப்பு வெள்ளையாக அப்பிக் கிடந்தது. விரலால் வழித்தால் ஒட்டிக்கொண்டு வந்தது. அவரும் பத்து நிமிடக் கட்சிதான்.

ரோட்ஸ்டர்92:
நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். 1992 மியாட்டா, 1.6 லிட்டர் என்ஜின், மிச்சிகன் வடக்கில் உள்ள ஹவுட்டனில் என்னோடுதான் இருக்கிறது. முதலில் ஒன்று கேட்கிறேன். நம்பகமான கார் என்று எதைச் சொல்கிறோம்? ஸ்டார்ட் ஆனால் போதுமா, 500 மைல் ஓட்டி வீட்டுக்கு வந்து திரும்ப வேண்டுமா? இதைத் தீர்மானிக்காமல் பத்து நிமிடம் சரியா தவறா என்று எப்படிப் பேசுவது?

மிச்சிகன் தந்தை:
தம்பி, நீ படிப்பைப் பார். என் கார் ஸ்டார்ட் ஆனது. அதுதான் என் பேச்சு.

கோவை லேத்:
எங்கள் அப்பாவின் பழைய ஃபியட்டை நான் விடுதியில் இருந்த நான்கு ஆண்டும் அம்மாதான் வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து வைத்தார். பத்து நிமிடம்கூட இல்லை, ஐந்தே நிமிடம். கோவையில் அந்தக் கார் இன்றும் ஓடுகிறது. அமெரிக்கா போனதும் எல்லாருக்கும் அறிவு கூடிவிடுகிறது.

கிரீஸ்கை:
லேத் அண்ணா, உங்கள் ஃபியட் கார்பரேட்டர் வண்டி, பெட்ரோலை ஒரு கிண்ணத்தில் தேக்கிக் காற்றோடு கலந்து என்ஜினுக்கு அனுப்புவது. நாட்கணக்கில் நின்றால் மிதவைக் கிண்ணத்துப் பெட்ரோல் ஆவியாகிவிடும், அதனால் வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்வதில் அந்தக் காலத்தில் ஒரு நியாயம் இருந்தது. மியாட்டா 1989இல் வந்த நாளிலிருந்தே பெட்ரோலை அழுத்தத்தில் பீய்ச்சும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன். கிண்ணமும் இல்லை, சோக்கும் இல்லை. அத்தோடு கோவையில் பனியை உருக்கச் சாலையில் உப்பு கொட்டுகிறார்களா? இங்கே நவம்பரில் தொடங்கினால் ஏப்ரல் வரை உப்புதான். ஊர் வேறு, வண்டி வேறு. பத்து நிமிடம் என்பது கார்பரேட்டரோடு போயிருக்க வேண்டிய பேச்சு.

சொல்லாய்வன்:
நேற்றைய இழையில் எல்லோரும் 'பேட்டரி, பேட்டரி' என்று எழுதியிருக்கிறீர்கள். மின்கலம் என்ற அழகான சொல் இருக்கும்போது இது எதற்கு?

கிரீஸ்கை:
மின்கலம் என்பது ஒற்றைக் கலம். கார் பேட்டரியில் ஆறு கலங்கள், ஒவ்வொன்றும் 2.1 வோல்ட், முழுச் சார்ஜில் மொத்தம் 12.6. தமிழில் சொல்வதானால் மின்கல அடுக்கு என்று சொல்லுங்கள். திருத்த வருகிறவர் சரியாகத் திருத்த வேண்டும்.

சொல்லாய்வன்:
அடுக்கு என்று நானும் அறிவேன். வழக்கில் மின்கலம் என்றே புழங்குகிறது. உங்களிடம் தமிழ் கற்கும் நிலையில் நான் இல்லை.

ரோட்ஸ்டர்92:
கணக்குப் போட்டுப் பார்ப்போமே. ஸ்டார்ட்டர் 150 ஆம்பியர் வீதம் 2 விநாடி எடுத்தால் 0.1 ஆம்பியர்-மணிகூட ஆகாது. ஆக, ஸ்டார்ட் செய்வதால் பேட்டரி காலியாகிறது என்ற பயம் தேவையில்லை. கார் நிற்கும்போது கடிகாரமும் ரேடியோ நினைவும் 20 மில்லியாம்பியர் எடுத்தால் வாரத்துக்கு 3.4 ஆம்பியர்-மணி போகும். பத்து நிமிடம் என்ஜின் ஓடி 15 ஆம்பியர் வீதம் ஏற்றினாலும் திரும்பி வருவது 2.5.

கிரீஸ்கை:
பார்த்தீர்களா? வாரத்துக்கு 3.4 போகிறது, 2.5 வருகிறது. மியாட்டாவின் பேட்டரியோ டிக்கிக்குள் மூலையில் இருக்கும் சின்னஞ்சிறு பேட்டரி. கிறிஸ்துமஸுக்குள் எங்கே போய் நிற்கும்? முழுச் சார்ஜில் உள்ளது மைனஸ் 50 டிகிரியையும் தாங்கும், காலியானது சாதாரணக் குளிரிலேயே உறைந்து வெடிப்பு விடும். உங்கள் பத்து நிமிடத்தை ஒரு மாணவன் கணக்கிலேயே கவிழ்த்துவிட்டான்.

மிச்சிகன் தந்தை:
20 மில்லியாம்பியர் என்று யார் சொன்னது? என் கராஜுக்கு வந்து அளந்தீர்களா? என் பேட்டரி ஆறு ஆண்டு உழைத்தது. பையனின் கணக்கில் ஆயிரம் 'ஆல்', ஆயிரம் 'ஆனால்'.

ரோட்ஸ்டர்92:
நான் யாரையும் கவிழ்க்கவில்லை. முப்பது நிமிடம் சாலையில் ஓட்டினால் இந்தப் பேச்சே தேவையில்லை என்பதற்காகத்தான் எழுதினேன். பழைய கார் கல்லூரியில் காலை வாருவது பேட்டரியால் மட்டுமா? என் காரில் கிளட்சை இயக்கும் ஸ்லேவ் சிலிண்டர்தான் போனது. தேர்வுக்கு முந்தைய நாள் மிதித்த பெடல் தரையோடு படுத்துவிட்டது. விடுதி வாகன நிறுத்தத்தில் அட்டையைப் பரப்பி மல்லாந்து படுத்துத்தான் மாற்றினேன். வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட்டை 60,000 மைலுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இந்த என்ஜினில் அது அறுந்தாலும் வால்வு பிஸ்டனில் இடிக்காது, ஆனால் நடுவழியில் நிற்க வேண்டும். ரேடியேட்டரின் மேல் தொட்டி கறுப்பு போய்ப் பழுப்பேறினால் அதன் ஆயுள் முடிந்தது. இதையெல்லாம் ஊரைவிட்டுக் கிளம்புமுன் பார்க்க வேண்டாமா?

கிரீஸ்கை:
பெல்ட் எல்லாருக்கும் தெரியும் தம்பி. இங்கே கேள்வி பத்து நிமிடம்.

கான்டன் அம்மா:
எல்லோருக்கும் வணக்கம். கேள்வி என்னுடையது. மகன் அக்டோபரில் வந்து செய்துகாட்டியபடி சனிக்கிழமை தோறும் கோட்டை மாட்டிக்கொண்டு கராஜுக்குப் போகிறேன். கிளட்சை மிதித்துச் சாவியைத் திருகுகிறேன். ஸ்டார்ட் ஆனதும் தையல் மிஷின் போல் டக டகவென்று ஒரு சத்தம், கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறது. வெளியே மைனஸ் 12 என்பதால் கராஜ் கதவை மூடியே வைக்கிறேன். எனக்குக் கியர் வண்டி ஓட்டத் தெரியாது, முப்பது நிமிடம் ஓட்டு என்றால் நான் எங்கே போவேன்? இப்போது நான் என்ன செய்ய வேண்டும்?

கிரீஸ்கை:
அம்மா, மூடிய கராஜில் காரை ஓடவிடவே கூடாது! புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. வீட்டோடு ஒட்டிய கராஜ் என்றால் உள்ளே தூங்குகிறவர்களையும் கொல்லும். கதவைத் திறந்துவைத்தாலும் வீட்டுக்குள் வரக்கூடும். இனி ஸ்டார்ட் செய்யாதீர்கள். மிச்சிகன் தந்தையே, உங்கள் பத்து நிமிடம் எங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது, பாருங்கள்.

மிச்சிகன் தந்தை:
கதவை மூடச் சொல்லி நான் எங்கே எழுதினேன்? பத்து நிமிடம் என்று எழுதினேன், மூடிய கராஜ் என்று எழுதவில்லை. செய்யாத குற்றத்தை என் தலையில் கட்டுவது உங்களுக்குப் பழக்கம். போன குளிர்காலத்தில் டயர் இழையிலும் இதையேதான் செய்தீர்கள்.

கிரீஸ்கை:
டயர் இழையை நான் மறக்கவில்லை. "தடம் ஆழமாக இருக்கிறது, இன்னும் ஐந்து வருடம் ஓடும்" என்று எழுதிப் படமும் போட்டீர்கள். பக்கவாட்டில் 3512 என்று இருந்தது. 2012ஆம் ஆண்டின் 35ஆவது வாரம் செய்த டயர் என்று நான் சொன்னேன், அது டயரின் அளவு என்று நீங்கள் அடித்துப் பேசினீர்கள். கல்லூரிக்குப் போகிற பெண்ணின் காரில் அவ்வளவு பழைய ரப்பர்! அதுவும் கோடை டயர். 7 டிகிரிக்குக் கீழே போனாலே பிடிமானத்தை இழந்துவிடும்.

மிச்சிகன் தந்தை:
அளவு என்று நான் சொல்லவில்லை, தயாரிப்பு எண்ணாக இருக்கலாம் என்றுதான் சொன்னேன். அந்தப் பதிவு இன்னும் அங்கேதான் இருக்கிறது.

கோவை லேத்:
இருவர் உட்காரும் பொம்மை வண்டி, 116 குதிரைத்திறன். இதற்கு ஸ்போர்ட்ஸ் கார் என்று பெயர். இதற்குத்தான் இத்தனை சண்டையா?

ரோட்ஸ்டர்92:
அண்ணா, எடை ஒரு டன்னுக்குக் குறைவு, பின்சக்கர இழுவை, என்ஜின் முன் அச்சுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. வளைவில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். அப்பா வாங்கிக் கொடுத்ததல்ல, இரண்டு கோடை உணவகத்தில் தட்டு கழுவி வாங்கிய கார். பொம்மை என்று சொல்லாதீர்கள்.

கோவை லேத்:
தட்டு கழுவி ஒரு பழைய கரோலா வாங்கியிருந்தால் ஸ்லேவ் சிலிண்டரும் கழன்றிருக்காது, முதுகும் பனியில் நனைந்திருக்காது.

ரோட்ஸ்டர்92:
கான்டன் அம்மா, அந்த டக டக சத்தத்துக்குப் பயப்படாதீர்கள். நின்ற காரில் வால்வு லிஃப்டர்களிலிருந்து எண்ணெய் இறங்கிவிடும், மறுபடி நிரம்பும்வரை அப்படிச் சத்தம் வரும். மகன் அடுத்த முறை வரும்போது எண்ணெயை மாற்றி, பெட்ரோல் தொட்டியை நிரப்பி, கெடாமல் இருக்கும் மருந்தையும் ஊற்றி, அரை மணி நேரம் ஓட்டிவிட்டு நிறுத்தச் சொல்லுங்கள். ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் விடட்டும், இல்லாவிட்டால் பிரேக் பட்டை ஒட்டிக்கொள்ளும். இருக்கைகளுக்குப் பின்னால் இரு ஓரத்திலும் மழைநீர் வடியும் துளைகள் இருக்கின்றன. இலை அடைத்தால் தண்ணீர் உள்ளேயே நின்று கதவுக்குக் கீழே உள்ள தகடு துருப்பிடித்துவிடும். கெட்டியான பிளாஸ்டிக் நரம்பை விட்டுக் குத்திவிட வேண்டும். பேட்டரிக்கு, கராஜில் பிளக் இருந்தால், சார்ஜ் குறையாமல் வைத்திருக்கும் மெயின்டெய்னர் மாட்டிவிடுங்கள்.

கிரீஸ்கை:
அதையெல்லாம் நானே சொல்ல வந்தேன். ஆனால் முதலில் பத்து நிமிடம் தவறு என்று அவர் எழுதட்டும். எழுதாதவரை இன்னும் பத்துப் பேர் அதைப் படித்துவிட்டு இதே காரியத்தைச் செய்வார்கள்.

மிச்சிகன் தந்தை:
எழுத மாட்டேன். என் கார் ஸ்டார்ட் ஆனது.

கிரீஸ்கை:
மூடியைத் திருப்பிப் பார்த்துப் படம் போடுங்கள்.

சொல்லாய்வன்:
மெயின்டெய்னர் என்பதற்கு மின்னூட்டக் காப்பான் என்று எழுதலாம்.

கான்டன் அம்மா:
கராஜில் பிளக் இல்லை. பேட்டரியின் ஒரு கம்பியைக் கழற்றிவிட்டால் போதும் என்று மகன் தொலைபேசியில் சொல்கிறான். 10 மில்லிமீட்டர் ஸ்பேனரைத் தேடி எடுத்து டிக்கியைத் திறந்துவிட்டேன். கறுப்பா சிவப்பா? யாராவது சொல்லுங்கள்.

மிச்சிகன் தந்தை:
டயர் இழையின் படத்தைத் தேடி எடுத்துவிட்டேன். 3512 இல்லை, 3513. டயரின் வயதில் ஒரு வருடத்தைக் கூட்டிச் சொன்னவர் எனக்குக் கணக்குச் சொல்லித்தர வந்துவிட்டார்.

கிரீஸ்கை:
12 ஆனாலும் 13 ஆனாலும் கிழட்டு டயர் கிழட்டு டயர்தான். பத்து நிமிடத்துக்குப் பதில் சொல்லுங்கள்.