வேர்ட் அப்டேட்டைத் தள்ளிப்போட்டு மாட்டிக்கொண்டவர்கள் இங்கே வரவும்

கணக்கு வாத்தியார், கும்பகோணம்

என் கதையிலிருந்தே தொடங்குகிறேன். நான் ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர். இருபது வருடத்து வினாத்தாள்கள் வீட்டுக் கணினியில் வேர்ட் ஃபைல்களாகக் கிடக்கின்றன. பின்னம், வர்க்கமூலம், தொகையீடு எல்லாமே ஈக்வேஷன் எடிட்டர் 3.0-வில் (வேர்டோடு வந்த, சமன்பாடு எழுதும் பழைய கருவி) போட்டவை.

2018 ஜனவரியில் ஒரு நாள் ஆபீஸ் 2010 தானாக அப்டேட் ஆனது. மறுநாள் ஒரு சமன்பாட்டைத் திருத்தலாம் என்று இரண்டு முறை கிளிக் செய்தால் எடிட்டரைக் காணோம். பார்க்கலாம், பிரிண்ட் எடுக்கலாம், ஆனால் தொட முடியாது. அப்போது பணியில் இருந்தேன், பத்தாம் வகுப்புக்குத் திருப்புதல் தேர்வு நேரம். வந்த கோபத்தில் அதையும் அதற்கு முந்தைய சில அப்டேட்டுகளையும் சேர்த்து நீக்கினேன். இனிமேல் எதுவுமே வரக் கூடாது என்று மொத்தமாக நிறுத்தியும் வைத்தேன். எடிட்டர் திரும்பி வந்துவிட்டது. ஸ்டாஃப் ரூமில் நாலு பேருக்கு இந்த வித்தையைச் சொல்லியும் கொடுத்தேன்.

2019-இல் பக்கத்துப் பள்ளி நண்பரின் மெயிலிலிருந்து ‘மாதிரி வினாத்தாள்’ என்று ஒரு ஃபைல் வந்தது. தெரிந்த ஆள், தெரிந்த விஷயம். மேலே மஞ்சள் எச்சரிக்கைப் பட்டை வந்தது. எப்போதும்போல எனேபிள் எடிட்டிங்கை அழுத்தினேன். மேக்ரோ (ஃபைலுக்குள் ஒளிந்திருந்து ஓடும் சின்ன நிரல்) அது இது என்று எதுவும் கேட்கவில்லை. வெற்றுப் பக்கம்தான் இருந்தது. மூடிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன்.

மூன்றாம் நாள், என் மெயிலிலிருந்து நாற்பது ஆசிரியர்களுக்கு அதே ‘மாதிரி வினாத்தாள்’ போயிருந்தது! பிரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளை யாரோ எடுத்திருக்கிறார்கள் என்று மகள் சொன்னாள். அந்த ஃபைலைத் தன் லேப்டாப்பில் ஸ்கேன் செய்தாள். ஆன்டிவைரஸ் காட்டிய பெயரில் 2017-11882 என்று ஓர் எண் இருந்தது. தேடிப் பார்த்தால், நான் சண்டை போட்டு மீட்டு வந்தேனே, அதே ஈக்வேஷன் எடிட்டரில் இருந்த ஓட்டையின் எண் அது.

அந்த எடிட்டர் 2000-ஆம் ஆண்டில் உருவானது. பதினேழு வருடம் அப்படியே கிடந்திருக்கிறது. வேர்டுக்குள் ஓடாமல் தனி நிரலாக ஓடுவதால், வேர்டுக்குப் பின்னாளில் சேர்த்த பாதுகாப்புகள் அதற்குக் கிடையாது. சமன்பாட்டில் எழுத்துருவின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அளவுக்கு மீறி நீளமாக எதையாவது திணித்தால் நினைவகத்தில் வழிந்துவிடும். அப்புறம் திணித்தவன் சொன்னபடி கணினி ஆடும். மேக்ரோ தேவையில்லை, ஃபைலைத் திறந்தாலே போதும். 2017 நவம்பரில் இந்த ஓட்டையை அடைத்தார்கள். அதிலேயே இன்னொன்று கிளம்பவும், 2018 ஜனவரியில் எடிட்டரையே எடுத்துவிட்டார்கள். என்னைப் படுத்துவதற்காக எடுக்கவில்லை என்று புரிய எனக்கு ஒன்றரை வருடம் ஆனது.

வீட்டில் டிடிபி செய்கிறவள், நாகர்கோவில்

சார், மெயிலில் வருவதற்காவது மஞ்சள் பட்டை வரும். பென் டிரைவில் வருவதற்கு அதுவும் வராது. இணையத்திலிருந்து இறங்கும் ஃபைலோடு ‘இது வெளியிலிருந்து வந்தது’ என்று ஒரு குறிப்பை விண்டோஸ் ஒட்டிவைக்கும். அதைப் பார்த்துத்தான் வேர்ட் பட்டை காட்டும். பெரும்பாலான பென் டிரைவுகள் ஃபேட்32 வகை. அதில் காப்பி செய்தாலே குறிப்பு உதிர்ந்துவிடும். அப்புறம் அது நம் வீட்டு ஃபைல் மாதிரிதான் திறக்கும்.

எனக்கு வந்தது ஒரு கல்லூரிப் பையனின் புராஜெக்ட் ரிப்போர்ட். பத்து வருடத்துக்கு முந்தைய கதை. அப்போதெல்லாம் பென் டிரைவைச் செருகினால் ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறி நிற்கும். “அக்கா, எல்லாம் போச்சு” என்று பையன்கள் அழுவார்கள். ஃபைல் எங்கேயும் போயிருக்காது, மறைந்துதான் இருக்கும். ஒரு வரி கட்டளை போட்டு வெளியே எடுத்துக் கொடுப்பேன். அதில் எனக்கு நல்ல பெயர். அந்தத் தைரியத்தில்தான் இந்த ரிப்போர்ட்டில் மேக்ரோவை அனுமதிக்கவா என்று கேட்டபோது ‘சரி’ என்றேன்.

அது நேராகப் போய் நார்மல் டெம்ப்ளேட்டில் உட்கார்ந்துகொண்டது. வேர்டில் புது ஃபைல் எது திறந்தாலும் அந்த டெம்ப்ளேட்டிலிருந்துதான் பிறக்கும். அதனால் அன்றிலிருந்து நான் அடித்த கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றிலும் அது ஏறிவிட்டது. பதினோரு வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்த பிறகு ஒருவர் போன் செய்து சொன்னார். பதினோரு பேருக்கும் நானே போன் போட்டுச் சொன்னதைத்தான் இன்னும் மறக்க முடியவில்லை. தீர்வு என்னவோ சின்னது. வேர்டை மூடிவிட்டு அந்த நார்மல் ஃபைலை அழித்தால், அடுத்த முறை திறக்கும்போது வேர்ட் புதிதாக ஒன்று செய்துகொள்ளும்.

இப்போது வேர்டின் பாதுகாப்பு அமைப்புகள் இருக்கும் டிரஸ்ட் சென்டரில் போய் மேக்ரோவைக் கேள்வியே கேட்காமல் முடக்கும்படி வைத்துவிட்டேன். கேள்வி வந்தால்தானே அவசரத்தில் ‘சரி’ அழுத்துவேன்?

இன்னொன்று. “புது வேர்டுக்குப் போனால் பாமினி எழுத்து போய்விடும்” என்று சொல்லியே பலர் பழசை விடாமல் வைத்திருக்கிறார்கள். போகாது. பாமினியில் அடித்தால் ஃபைலுக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள்தான், அதன்மேல் எழுத்துரு தமிழ் முகமூடி போடுகிறது. எழுத்துருவைப் புதுக் கணினியிலும் நிறுவினால் அப்படியே தெரியும்.

பெயர் வேண்டாம், சென்னை

சுருக்கமாகச் சொல்கிறேன், வெட்கமாக இருக்கிறது. 2020 லாக்டவுன். லேப்டாப்போடு வந்த ஆபீஸின் இலவசக் காலம் முடிந்து, மேலே சிவப்புப் பட்டை வந்துவிட்டது. காசு கொடுக்காமல் ஆபீஸை ஓடவைக்கும் ஆக்டிவேட்டர் ஒன்றை இறக்கினேன். ‘முதலில் ஆன்டிவைரஸை நிறுத்தவும்’ என்று அதிலேயே எழுதியிருந்தது. நிறுத்தினேன். திருடன் ‘நாயைக் கட்டிப்போடு’ என்று சொல்லிக் கட்டிப்போட்ட மாதிரி.

மாலைக்குள் எல்லா ஃபைல் பெயருக்கும் பின்னால் நான்கு எழுத்து வால் முளைத்துவிட்டது. ரீட்மீ என்று ஒரு குறிப்பு: 980 டாலர் கொடு, 72 மணி நேரத்துக்குள் என்றால் 490. ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நிரல்களில் அது ஸ்டாப் அல்லது டிஜேவு என்னும் வகை. எம்சிசாஃப்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம் தரும் இலவசக் கருவியால் சிலருக்குத் திரும்பக் கிடைக்கிறது, கணினி ஆஃப்லைனில் இருந்தபோது பூட்டப்பட்டிருந்தால். என்னுடையதைப் பூட்டியது ஆன்லைன் சாவி, அதற்கு அந்தக் கருவி உதவவில்லை. குழந்தையின் முதல் வருடப் படங்கள் போயின. பணம் கொடுக்கவில்லை. 1930 என்ற சைபர் கிரைம் உதவி எண் அப்போது வந்திருக்கவில்லை.

மதுரை

சென்னை நண்பருக்கு: காசு கொடுக்க மனமில்லை என்றால் லிப்ரே ஆபீஸ் இருக்கிறதே. இலவசம், தமிழ் இடைமுகமும் உண்டு. அப்பாவுக்கு அதைத்தான் போட்டுக் கொடுத்தேன்.

ஆனால் நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். போட்டதோடு மறந்துவிட்டேன். விண்டோஸில் அது தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும் என்று நினைத்திருந்தேன். புதுப் பதிப்பு வந்திருப்பதாக மூலையில் ஒரு சின்ன அடையாளம் காட்டும், அவ்வளவுதான். இறக்கி நிறுவுவது நம் வேலை. அப்பா அந்த அடையாளத்தைப் பல வருடம் பார்த்திருக்கிறார். “ஏதோ விளம்பரம்னு விட்டுட்டேன்பா” என்றார். போய்ப் பார்த்தால் 5-இல் தொடங்கும் பதிப்பு! 2024 முதல் அவர்கள் ஆண்டையும் மாதத்தையும் வைத்தே எண் போடுகிறார்கள். 24.2 என்றால் 2024 பிப்ரவரி. அதைச் சொல்லிக் கொடுத்த பிறகு பழசு எவ்வளவு பழசு என்று அப்பாவுக்கே தெரிகிறது.

புதுப்பிக்கும்போதும் கவனம் வேண்டும். தேடுபொறியில் முதலில் வந்த விளம்பரத்தை அப்பா கிளிக் செய்துவிட்டார். இறங்கிய பொதியில் லிப்ரே ஆபீஸோடு இரண்டு டூல்பாரும் இருந்தன. இப்போது அதிகாரபூர்வ தளத்தை புக்மார்க்கில் வைத்துக் கொடுத்திருக்கிறேன்.

திருநெல்வேலி

காசு கொடுத்து வாங்கிய ஆபீஸ் 2016 வைத்திருக்கிறேன். ஒழுங்காகத்தான் ஓடுகிறது. நானும் மாற்ற வேண்டுமா?

கணக்கு வாத்தியார், கும்பகோணம்

தம்பி, 2016-க்கும் 2019-க்கும் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டது. ஓடுவது ஓடிக்கொண்டேதான் இருக்கும். என் 2010-க்கு 2020 அக்டோபரிலேயே நின்றது, அது இன்றைக்கும் ஓடுகிறது. நெட் கேபிளைப் பிடுங்கிய பழைய கணினியில், பழைய வினாத்தாள்களைப் பார்க்க மட்டும் வைத்திருக்கிறேன்.

புது வேர்டில் ஆல்ட் விசையோடு சமக்குறியை அழுத்தினால் சமன்பாட்டுப் பெட்டி வருகிறது. பழக ஒரு வாரம் ஆனது. அதில் பழைய வினாத்தாள்களை ஒவ்வொன்றாகத் திரும்ப அடித்துக்கொண்டிருக்கிறேன். நேற்று 2006 காலாண்டுத் தேர்வு. எட்டாவது கேள்வியில் இருபடிச் சமன்பாட்டுக்குக் குறியை மாற்றிப் போட்டிருக்கிறேன், விடையே வராது. அந்த வருடம் எழுதிய ஒரு பிள்ளைகூடச் சொல்லவில்லை.