வாடகை வீட்டில் ஃபைபர் இணைப்பு: வீட்டு உரிமையாளரின் அனுமதியை எப்படிப் பெறுவது?

கேள்வி

வணக்கம். சென்னை மேடவாக்கத்தில், ஆறு வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் மாடியில் கடந்த ஜூன் மாதம் முதல் வாடகைக்குக் குடியிருக்கிறோம். கட்டடத்தில் இப்போது உள்ளூர் கேபிள்காரர் தரும் இணைய இணைப்பு மட்டுமே இருக்கிறது. மாலை ஏழு மணிக்கு மேல் அது மிகவும் மெதுவாகிவிடும். மழை பெய்தால் முற்றிலும் நின்றுவிடும். என் மனைவி இரவுப் பணியை வீட்டிலிருந்தே பார்ப்பதால், இது அவருடைய வேலையையே பாதிக்கிறது.

பி.எஸ்.என்.எல். ஃபைபருக்கு விண்ணப்பித்தோம். வந்து பார்த்த ஊழியர், கூடத்து ஜன்னல் ஓரமாகச் சுவரில் ஒரு துளை போட வேண்டும் என்றார். உரிமையாளர் திருநெல்வேலியில் இருக்கிறார். தொலைபேசியில் கேட்டபோது, "சுவரில் கை வைக்க வேண்டாம், இருக்கிற இணைப்பையே வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டார். நல்ல மனிதர், அவரோடு மனக்கசப்பு வரக் கூடாது என்று நினைக்கிறேன். அனுமதி இல்லாமலே போட்டுக்கொள்ளலாம் என்று நண்பர்கள் சொல்வது சரியா? அவரிடம் மீண்டும் எப்படிக் கேட்பது?

மறுமொழி 1 (வீட்டு உரிமையாளர், தாம்பரம்)

ஐயா, நான் இரண்டு வீடுகளை வாடகைக்கு விட்டிருக்கிறேன். உங்கள் உரிமையாளர் மறுப்பது இணையத்தை அல்ல, துளையைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. என் வீட்டில் முன்பு குடியிருந்தவர் என்னிடம் சொல்லாமல் இணைப்பு வாங்கினார். போட்ட துளை வெளிப்புறத்தைவிட உட்புறத்தில் தாழ்வாக இருந்ததால், ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதும் அதன் வழியே சுவருக்குள் இறங்கியது. அவர் காலி செய்து போன பிறகு பெயின்ட் உரிந்ததைச் சரிசெய்தது நான். மொட்டை மாடியிலிருந்து தொங்கிய பழைய கேபிளை அறுத்து அகற்ற ஆள் தேடியதும் நான். அவருக்கு இவையெல்லாம் தெரியவே தெரியாது.

தூரத்தில் இருக்கும் உரிமையாளருக்கு இந்தப் பயம் இரண்டு மடங்காக இருக்கும், ஏனென்றால் அவரால் நேரில் வந்து பார்க்க முடியாது. எனவே "இன்டர்நெட் போடலாமா" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். கேபிள் கம்பத்திலிருந்து எந்தப் பக்கமாக வருகிறது, எந்தச் சுவரில் எந்த இடத்தில் நுழைகிறது, மோடம் எங்கே வைக்கப்படும் என்பதை, புகைப்படத்தில் கோடு போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். காலி செய்யும்போது கேபிளை அகற்றித் துளையை அடைத்துப் பெயின்ட் அடித்துத் தருவேன், தவறினால் அட்வான்ஸில் கழித்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுங்கள். என்னிடம் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தால் அன்றே சம்மதித்திருப்பேன்.

மறுமொழி 2 (ஃபைபர் இணைப்புப் பணியில் இருப்பவர்)

மேலே சொன்னது முற்றிலும் உண்மை. துளையை உள்ளேயிருந்து வெளியே சற்றுச் சரிவாகப் போட வேண்டும். கேபிள் நுழையும் இடத்துக்குக் கீழே அதைச் சிறிது தொங்கவிட்டு வளைத்து மேலேற்றினால், மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். பிறகு சிலிக்கான் வைத்து அடைத்துவிட வேண்டும். ஃபைபர் கேபிள் மெல்லியது. 8 முதல் 10 மில்லிமீட்டர் துளை போதும்.

அதற்கு முன், துளையே தேவையா என்று பாருங்கள். ஏ.சி. குழாய்க்காக முன்பே போட்ட துளை, பழைய தொலைபேசி வயர் வந்த பைப் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று பெரும்பாலான வீடுகளில் இருக்கும். ஜன்னல் சட்டத்தின் இடுக்கில் விடுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். கதவு நசுக்கினாலோ கேபிள் கூர்மையாக மடிந்தாலோ ஒளி கசிந்து இணைப்பு கெடும்.

இடி, மின்னல் பற்றியும் உரிமையாளர்கள் கேட்பார்கள். ஃபைபர் கேபிளுக்குள் இருக்கும் கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. ஆனால் கேபிளைத் தாங்குவதற்காக அதனுடன் ஒட்டி வரும் இரும்புக் கம்பியில் பாயும். அந்தக் கம்பியை வெளிச்சுவரில் கொக்கியோடு நிறுத்தி வெட்டிவிட்டு, இழையை மட்டும் உள்ளே எடுத்து வரச் சொல்லுங்கள்.

மறுமொழி 3 (வழக்கறிஞர்)

சட்டம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் சொத்து உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. உரிமையாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் வீட்டின் கட்டமைப்பில் மாற்றம் செய்வது, காலி செய்யக் கோருவதற்கு வழிவகுக்கலாம். ஒரு சிறு துளை அந்த வரையறைக்குள் வராது என்று வாதாடலாம்தான். ஆனால் அந்த வாதத்துக்காக நீங்கள் அலைவதைவிட, வாட்ஸ்அப்பில் ஒரு வரி ஒப்புதல் வாங்கி வைத்துக்கொள்வது மேல். கேட்காமல் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மாடிப்படியும் வெளிச்சுவரும் எல்லோருக்கும் பொதுவானவை என்பதால், அசோசியேஷன் செயலாளரிடமும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் சொன்ன பிறகுதான் படுக்கையறையைக் கவனித்தேன், முன்பு ஏ.சி. இருந்த இடத்தில், பிளாஸ்டிக் மூடி போட்ட துளை ஒன்று இருக்கிறது. படம் எடுத்து, கோடு வரைந்து, அகற்றும் பொறுப்பு என்னுடையது என்றும் எழுதி அனுப்பினேன். மறுநாள் காலை உரிமையாளரே அழைத்தார். முன்பு குடியிருந்தவர் கூடத்துச் சுவரில் நான்கு இடங்களில் துளையிட்டு விட்டுப்போன கதையைச் சொன்னார். அந்த ஏ.சி. துளை வழியாகப் போட்டுக்கொள்ளலாம், புதிதாக எதுவும் துளைக்கக் கூடாது, வேலை முடிந்ததும் படம் அனுப்ப வேண்டும் என்றார். நாங்கள் பேசியதை அப்படியே எழுதி அவருக்கு அனுப்பி, "சரி" என்ற பதிலையும் வாங்கிவிட்டேன். மோடம் படுக்கையறையில் இருப்பதால் கூடத்தில் சிக்னல் சற்றுக் குறையும்; அதற்கு உள்ளே தரை ஓரமாக லேன் வயர் இழுத்துக்கொள்வோம். செயலாளரை ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போகிறேன்.